குதிரைக்காரர்களிடம் எலிசா சொன்ன பொய்கள்

திண்டிவனத்தில் தீவனக் கடை வைத்திருக்கும் எலிசா, ஒரு முறை புனே போயிருந்தபோது குதிரைக் கண்காட்சி ஒன்றைப் பார்த்தாள். அங்கே யாரும் குதிரை மேல் ஏறவில்லை. சேணம்கூட இல்லை. தலைக்கயிற்றை மட்டும் பிடித்து நடத்திக் கூட்டி வந்து நிறுத்தினார்கள். நடுவர் கழுத்து, முதுகு, கால், நடை எல்லாம் பார்த்து மதிப்பெண் போட்டார். ஒவ்வொரு குதிரையையும் அதனதன் இனத்துக்குரிய அமைப்போடு ஒப்பிட்டதால், எல்லா இனமும் ஒரே களத்தில் நிற்க முடிந்தது.

இதைத் திண்டிவனத்தில் நடத்தியே தீருவது என்று ஊர் திரும்பியதும் முடிவு செய்தாள். நோட்டீஸ் அடித்தாள். ஆட்டோவில் மைக் கட்டி விழுப்புரம் வரை விளம்பரம் செய்தாள். வேடிக்கை பார்க்க வருவதாக ஊரே சொன்னது. குதிரையோடு வருவதாகத்தான் யாரும் சொல்லவில்லை.

அந்த வட்டாரத்தில் பேர் எடுத்த குதிரைகள் மூன்று. அவை வந்தால் மற்றவர்கள் தானாக வருவார்கள் என்று எலிசாவுக்குத் தெரியும். மூன்று பேரையும் நேரில் போய்ப் பார்த்தாள்.

திருவெண்ணெய்நல்லூரில் கரும்பு பயிரிடும் தாண்டவராயனிடம் சுல்தான் என்ற மார்வாரி இனக் குதிரை இருந்தது. "மட்டக்குதிரை பக்கத்துல என் சுல்தான நிறுத்தறதா? அது ஆவாதும்மா" என்றார்.

விழுப்புரம் அருள்நாதன், ரேஸில் ஓடி ஓய்ந்த உயரமான பெட்டைக் குதிரை ஒன்றை வாங்கி வளர்த்தார். அதன் பெயர் பேர்ல். "கண்ட குதிரைங்களோட நின்னா அது பேஜாராயிடும்" என்றார்.

திருவாமாத்தூர் கெங்கம்மாள், மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் போகும் செல்லி என்ற நாட்டுக் குதிரைக்குச் சொந்தக்காரி. "பெரிய வூட்டுக் குதிரைங்க நடுவுல இத நிறுத்தி, ஊரு சிரிக்கணுமா?" என்று கேட்டாள்.

ஒரு வாரம் கழித்து எலிசா மறுபடியும் கிளம்பினாள்.

"மார்வாரிக்குக் காது மட்டுந்தான் அழகு, காலப் பாத்தா நடுவர் வூட்டுக்கு அனுப்பிடுவாருன்னு அருள்நாதன் சார் சொல்லிக்கினு இருக்காருங்க" என்றாள் தாண்டவராயனிடம்.

"ரேஸ் குதிரை வெயில்ல அஞ்சு நிமிஷம் நின்னா உக்காந்துடும்னு தாண்டவராயன் சொல்றாருங்க சார்" என்றாள் அருள்நாதனிடம்.

கெங்கம்மாளிடம், "உங்க செல்லி வந்துடுமோன்னு ரெண்டு பேருக்கும் பயங்க்கா" என்றாள்.

கெங்கம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்லாத்தான் பொய் சொல்ற. எத்தினி மணிக்கு வரணும்?"

ஞாயிற்றுக்கிழமை காலை மைதானத்துக்கு இருபத்து மூன்று குதிரைகள் வந்தன. புதுச்சேரியிலிருந்து வந்த ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர் கிருஷ்ணசாமி நடுவர். முதல் சுற்றில் சுல்தான், பேர்ல், செல்லி மூன்றும் தத்தம் இனத்தில் முதலாவதாக வந்தன. எலிசாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

இறுதிச் சுற்றுக்கு முன் டீ குடிக்கும் இடத்தில் தாண்டவராயன் அருள்நாதனை மறித்தார். "இன்னா சார், என் குதிரை கால்ல இன்னா கொறையக் கண்டீங்க?"

"நானா? நீங்கதானே என் குதிரை உக்காந்துடும்னு சொன்னது."

பக்கத்தில் நின்ற கெங்கம்மாள் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "எங்கிட்டயும் ஒண்ணு சொன்னா. அந்தப் பொண்ண நாமளும் கொஞ்சம் ஆட்டிப் பாக்கலாமா?"

சற்று நேரத்தில் எலிசா மைக்கில் கம்பீரமாக அறிவித்தாள்: "அடுத்து, தாண்டவராயன் அவர்களின் மார்வாரி, சுல்தான்."

தாண்டவராயன் செல்லியைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவர் பின்னால் கெங்கம்மாள் பேர்லை நடத்தி வந்தாள். கடைசியாக அருள்நாதனைச் சுல்தான் இழுத்துக்கொண்டு வந்தது. கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. மூவரும் எலிசாவைப் பார்த்துத் தலையாட்டியபோது, எல்லாம் வெளியே வந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது.

கிருஷ்ணசாமி அசரவில்லை. "கயிறு யார் கையில இருந்தா என்ன? நான் குதிரையத்தான் பாக்கறேன்" என்று வேலையைத் தொடங்கினார்.

ஊர்வலக் குதிரையிடம் பேசுகிற மாதிரியே கெங்கம்மாள் பேர்லின் காதில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். அது தூண் போல நின்றது. சுல்தான் அருள்நாதனின் சட்டைப் பையைத் தின்னத் தொடங்கியது. தாண்டவராயனுக்கோ விளையாட்டு மறந்துவிட்டது. தன் கையில் இருக்கும் குதிரை தோற்பதா? குனிந்து செல்லியின் பின்னங்காலைச் சரியாக எடுத்து வைத்தார். துண்டால் முதுகைத் துடைத்தார். "தலயத் தூக்கும்மா" என்று கெஞ்சினார்.

பேர்ல் முதலிடம். செல்லி இரண்டாவது. சுல்தான் மூன்றாவது.

தாண்டவராயன் நேராக நடுவரிடம் போனார். "செல்லிக்கு எப்பிடிங்க ரெண்டாவது? அந்த முதுகப் பாருங்க. நிக்கிற நிலையப் பாருங்க." சுல்தானைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

எலிசா முகம் வெளிறி வந்து நின்றாள். "ஐயா, தப்புதாங்க. மன்னிச்சிடுங்க."

"அதெல்லாம் அப்பறம். அடுத்த வருசமும் செல்லிய நான்தான் புடிப்பேன், எழுதிக்கோ."

"அப்ப என் குதிரைய நான் எப்பதான் புடிக்கறது?" என்றாள் கெங்கம்மாள்.

"நீ சுல்தானப் புடி. எனக்கு அது அடங்க மாட்டேங்குது."

கிழிந்த சட்டையோடு நின்ற அருள்நாதன், "அப்ப நான்?" என்று கேட்டார்.

எலிசா அதற்குள் பேனா தேடப் போய்விட்டாள்.