எட்டுப் பேரின் எச்சில்

இருபத்துநாலு பேர் நாற்பது நிமிடம் மனமாரப் பாடிவிட்டு எழுந்தார்கள். அவர்களில் எட்டுப் பேருடைய எச்சில் மட்டும் பயந்துபோயிருந்தது. இந்தச் செய்தியோடு ஆய்வுக்கூடத்து ஸ்ரீவித்யா கட்கியிலிருந்த வீட்டுக்கு வந்தபோது ஜோசப்ராஜ் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

"பயந்த எச்சிலா? அப்படி ஒண்ணு உண்டாம்மா?"

"கார்ட்டிசால் அங்கிள். மனசு பதட்டமானா உடம்புல ஏறுற ஹார்மோன். எச்சில்லயும் தெரியும். சேர்ந்து பாடினா அது குறையுதான்னு பார்க்கத்தானுங்க உங்க கோயில் பாடகர் குழுவையே பிடிச்சேன். பதினாறு பேருக்குக் குறைஞ்சிருக்கு. எட்டுப் பேருக்கு ரெண்டு மடங்கு, மூணு மடங்கு ஏறிக் கிடக்கு."

"அந்த எட்டும் சுருதி தப்பினதுங்களா இருக்கும்." அவர் சிரித்தார். ஸ்ரீவித்யா சிரிக்கவில்லை. ஹெல்மெட்டைக்கூடக் கீழே வைக்காமல் நின்றாள்.

"தப்பு மேடத்தோட சீரத்துலதான்னு எங்க லேப் தலைவர் முடிவு பண்ணிட்டார் அங்கிள். பழசாகி, கார்ட்டிசாலோட வேற எதையோ சேர்த்துப் பிடிக்குதாம். புது கிட் வாங்கறாங்க. ஃப்ரீசர்ல இடமில்லைன்னு வர்ற வெள்ளிக்கிழமை சீரம் டியூப் எல்லாத்தையும் அழிச்சிருவாங்க. இதை இன்னொருத்தர் வாயால நீங்க கேக்கக்கூடாதுன்னு நானே வந்தேங்க."

மேடம் என்றால் ஆரோக்கியமணி, ஜோசப்ராஜின் மனைவி. அந்த ஆய்வுக்கூடத்தில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவள். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஜூன் மழையில் போய்ச் சேர்ந்தாள். அவள் கைப்பட உருவாக்கியதில் இன்னும் மிச்சமிருந்தது அந்தச் சீரம்தான். சுண்டுவிரல் நீளத்தில் இருபத்துமூன்று குப்பிகள்.

அது என்னவென்று ஒருமுறை சப்பாத்தி தேய்த்துக்கொண்டே அவள் அவருக்கு விளக்கியிருக்கிறாள். உடம்புக்குள் அந்நியப் பொருள் வந்தால் அதை அடையாளம் கண்டு கவ்விக்கொள்ள உடம்பு ஒன்றைத் தயார்செய்யும். எதிர்ப்பொருள் என்பது அதுதான். ஆனால் கார்ட்டிசால் மிகப் பொடிசு. "தனியாப் போனா முயல் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஒரு பெரிய புரோட்டீன் தோள்ல ஏத்தி அனுப்பினாத்தான், யார்ரா இவன்னு பிடிச்சுவச்சுக்கும்." மாதக்கணக்கில் ஊசி போட்டு, ஏழு முயல்களில் ஆறு ஏமாற்றிவிட, ஏழாவது முயலின் ரத்தத்திலிருந்து அவள் பிரித்தெடுத்த சீரம் அது. கார்ட்டிசாலைத் தவிர வேறு எதையும் தொடாது என்று பெருமையடித்துக்கொள்வாள். முயலைப் பற்றிச் சொல்லும்போது மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்கிற குரல் வரும்.

அந்தச் சீரம் பொய் பேசுகிறது என்கிறார்கள் இப்போது. ஜோசப்ராஜுக்குக் காது மடல் சூடேறியது.

அவர் போசரியில் ஒரு பட்டறையில் முப்பது வருஷம் தரப் பரிசோதகராக இருந்தவர். "தெரிஞ்ச அளவு கார்ட்டிசாலைப் போட்டுப் பார்த்தியா?" என்று கேட்டார்.

"பார்த்தேங்க. புள்ளி பிசகாம வருது."

"அப்போ அளக்கிற கேஜ் சரி. அளந்த பீஸ்லதான் கோளாறு."

"பீஸுன்னா அது நீங்கதானுங்க அங்கிள்."

"நாங்கதான். எடு அந்தக் காகிதத்தை."

காகிதத்தில் பெயர்கள் இல்லை. யார் யார் என்று தெரியக்கூடாது என்பதற்காக எண்கள் மட்டும். ஆனால் எண்களை ஒட்டியது பாடும் வரிசைப்படி. அந்த வரிசையில் பதினெட்டு வருஷமாக நிற்கிறவருக்கு அதைப் படிக்கக் கண்ணாடிகூடத் தேவைப்படவில்லை. பதினேழு முதல் இருபத்துநாலு வரை கடைசி பெஞ்சு, கனத்த குரல்காரர்கள். அவர்களில் ஏழு பேருக்கு ஏறியிருந்தது. இருபதாம் எண்ணுக்கு எல்லோரையும்விட அதிகம். அது அவரே.

"ஏழு பேரும் எங்க பெஞ்சு. எட்டாவது யாரு? ஆறு. ஆறுன்னா முன் வரிசையில நம்ம ஃபியோனா." விரல் கீழே இறங்கியது. "எங்க பெஞ்சுல ஒருத்தனுக்கு மட்டும் ஏறலையே. இருபத்திரண்டு… பெனிஸ்டன்."

பெனிஸ்டனுக்கும் ஃபியோனாவுக்கும் நடுவே விரலை நாலைந்து தடவை நகர்த்தினார். பிறகு நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

"ஸ்ரீவித்யா. பாடறதுக்கு முன்னால ஒரு டியூப்ல துப்பினோம். பாடி முடிச்சு இன்னொண்ணுல. நடுவுல தண்ணியைத் தவிர எதுவும் சாப்பிடக்கூடாதுன்ன, இல்லையா?"

"ஆமாங்க. மூணு தடவை சொன்னேன்."

"நாங்க எதுவும் சாப்பிடல. அதிமதுரம்தான் வாயில போட்டோம்."

ஸ்ரீவித்யா ஹெல்மெட்டைக் கீழே வைத்தாள்.

"அது சாப்பாட்டுல சேத்தியாம்மா? தொண்டைக்கு மருந்து. கட்கி பஜார்ல ஜேஷ்டமத்னு கேட்டா கட்டுக் கட்டா கொடுப்பான். பாக்குவெட்டியால நறுக்கி டப்பாவுல எடுத்துட்டுப் போவேன். பாட்டு ஆரம்பிக்கிறப்ப எங்க பெஞ்சுல ஆளுக்கொரு துண்டு. அவ்வளவுதான். அன்னைக்கு ஃபியோனா தொண்டை கட்டியிருக்குன்னு வந்து கையை நீட்டினா, அவளுக்கும் கொடுத்தேன். பெனிஸ்டனுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கின வாரம். வாங்கி சட்டைப் பையில போட்டுக்கிட்டான்."

"ஐயோ அங்கிள்!" அவள் எழுந்து பால்கனிவரை போய்த் திரும்பினாள். "நம்ம எச்சில் சுரப்பியில ஒரு என்சைம் இருக்குங்க. கார்ட்டிசாலைக் கொஞ்சம் கொஞ்சமா வேற பொருளா மாத்திக்கிட்டே இருக்கும். அதிமதுரம் அந்த என்சைமை முடக்கிப்போடும்னு படிச்சிருக்கேன். அப்ப கார்ட்டிசால் மாறாம அப்படியே தங்கிடும்!"

"அப்போ ஏறினது நிசந்தானா?"

"நிசந்தாங்க. சீரம் உள்ளதைத்தான் சொல்லியிருக்கு. அதிமதுரத் தண்ணியைத் தனியா வச்சுப் பார்க்கணும். சீரம் அதைப் பிடிக்கலைன்னா மேடம் ஜெயிச்சாங்க."

ஜோசப்ராஜ் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "அவ பேரைக் கெடுக்க வெளியாளு வேண்டியதில்ல. கட்டினவனே டப்பாவோட கிளம்பியிருக்கேன் பாரு."

சோதித்தபோது அதிமதுரத் தண்ணீரை அந்தச் சீரம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனாலும் தலைவர் அசையவில்லை. அதே ஆட்கள், அதே பாட்டு, அதிமதுரம் இல்லாமல் இன்னொரு முறை, அதுவும் வெள்ளிக்கு முன்னால் என்றார். ஆகவே புதன் மாலை கோயிலில் எல்லோரும் மறுபடி கூடினார்கள். ஜோசப்ராஜ் டப்பாவை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்து, பெஞ்சின் நடுவில் நின்று அறிவித்தார்.

"இன்னைக்கு ஒண்ணும் கிடையாது. எவன் பையிலயாவது பழசு இருந்தா இப்பவே வெளியே எடு."

"அரே, துண்டு இல்லாம என் தொண்டை தகரம் மாதிரி வருமே," என்றார் பெனிஸ்டன்.

"உன் தொண்டை என்னைக்கு வெள்ளியா இருந்துச்சு? பாடு."

முன் வரிசையிலிருந்து ஃபியோனா தலையைத் திருப்பினாள். "அங்கிள், விக்ஸ் சலேகா? போட்டுக்கலாமா?"

"நோ விக்ஸ்! ஒண்ணும் நஹி!"

அன்று அவர்கள் பாடியது பரிதாபம். மூன்றாவது பாட்டில் கடைசி பெஞ்சு மொத்தமும் கரகரத்தது. உச்சத்தில் பெனிஸ்டனுக்குக் குரல் உடைந்ததும் பெண்கள் வரிசை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. ஆர்மோனியம் வாசித்தவர் கைகளை எடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதாயிற்று. அப்புறம் இருபத்துநாலு பேரும் சமர்த்தாக வரிசையில் நின்று குப்பியில் துப்பினார்கள்.

வியாழன் மாலை போன் வந்தது.

"இருபத்துமூணு பேருக்குக் குறைஞ்சிருக்கு அங்கிள்! ஒருத்தருக்கு மட்டும் லேசா ஏத்தம்."

"இருபதாம் நம்பரா?"

"சொல்லக்கூடாதுங்க," என்றாள். சொன்னதற்குச் சமம்தான். இரண்டு நாளாக அவர் சரியாகத் தூங்கவில்லை. "சீரத்தைத் தொடக்கூடாதுன்னு தலைவரே ஃப்ரீசர்ல சீட்டு ஒட்டிட்டார். இப்ப அதிமதுரத்தை வச்சே தனியா ஒரு ஆராய்ச்சி பண்ணலாங்கறார். ஆனா அதுக்கு எட்டு டியூப் செலவாகும். உங்ககிட்டக் கேக்கணும்னு விதி ஒண்ணும் இல்லைங்க. நான் கேக்கறேன்."

அழியாமல் தப்பியதைச் செலவழிக்கச் சொல்கிறாள். ஜோசப்ராஜ் போனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"பூட்டி வைக்கவா அவ முயல் பின்னாடி ஓடினா? எடு. ஆனா முதல் டியூபை நான் பார்க்கணும்."

மறுநாள் காலை ஸ்ரீவித்யா தடிமனான கையுறையோடு ஃப்ரீசரைத் திறந்தாள். வெள்ளைப் புகை தரையில் வழிந்தது. பெட்டிக்குள்ளிருந்து ஒரு குப்பியை எடுத்து ஐஸ்கட்டி நிறைந்த கிண்ணத்தில் நட்டுவைத்தாள். உறைபனிக்கடியில் நீல மசியில், ஏழுக்குக் குறுக்கே ஒரு கோடு போடும் ஆரோக்கியமணியின் கையெழுத்து தெரிந்தது.

"உருக எவ்வளவு நேரமாகும்?"

"அரை மணி ஆகுங்க. வெளியில உக்காருங்க அங்கிள், டீ சொல்றேன். இங்க வச்சுக் குடிக்கக்கூடாது."

"தெரியும். குடிச்சா உங்க மேடம் என்னை உண்டு இல்லைன்னு பண்ணிருவா. டீ வேண்டாம்."

அவர் முக்காலியை மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, கிண்ணத்துக்கு எதிரே வசதியாக உட்கார்ந்தார்.