ஒற்றைக் கைக்கு ஒரு பட்டன்

“யூனிஃபார்ம் போட்டாச்சு, பெல்ட் போட்டாச்சு. ஷூ எங்கடி?” என்று அத்தை மறுபடியும் கேட்டாள்.

மகள் அப்பாவின் இடது காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு சாக்ஸ் மாட்டிக்கொண்டிருந்தாள். உயிர் போன காலுக்குச் சாக்ஸ் மாட்டுவது லேசுப்பட்ட வேலை இல்லை. குதிகாலில் வந்து நின்றுகொண்டு, மேலே ஏற மாட்டேன் என்று அடம்பிடித்தது.

“ஆபீஸ்ல இருக்கு அத்தை. வேன் டிரைவர் எடுத்துட்டு வரேன்னு சொல்லியிருக்கார்.”

“அவன் எப்ப வர்றது, நாம எப்பக் கிளம்பறது? வெறுங்காலோடயா என் தம்பிய அனுப்பறது? அவன் ஷூவுல முகம் பாத்துத் தலை வாரிக்கலாம்.”

அத்தை சொன்னதில் பொய் இல்லை. அப்பா ஒரு செக்யூரிட்டி கம்பெனியில் சூப்பர்வைசர். புதிதாகச் சேரும் காவலாளிகளை வரிசையில் நிறுத்தினால் அவர் கண் முதலில் காலுக்குத்தான் போகும். தெருவில் அவருக்கு ‘பாலிஷ்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் காது கேட்கச் சொல்ல மட்டும் ஒருத்தருக்கும் தைரியம் கிடையாது. பக்கவாதம் வந்து கை கால் விழுந்தபோது கம்பெனி அவரைக் கைவிடவில்லை. மெயின் கேட் பக்கத்தில் ஒரு மேஜை போட்டு உட்காரவைத்தது. கால் தேறிவிட்டது. வலது கை தேறவில்லை. நேற்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, ஷூவைக் கழற்றிக் காலை நீட்டிக்கொண்டு, அந்த மேஜையிலேயே சாய்ந்தவர் அப்புறம் எழுந்திருக்கவில்லை.

அம்மா கூடத்து மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. வந்தவர்கள் கையைப் பிடித்தால் பிடிக்கக் கொடுத்தாள், விட்டால் எடுத்துக்கொண்டாள்.

எதிர்வீட்டுக்காரி வந்தாள். வந்ததும் ஆரம்பித்தாள். “கொடுத்து வச்ச மனுஷன். தினமும் காலையில இவங்க குனிஞ்சு லேஸ் கட்டி விடற அழகப் பாக்க நான் வாசல்ல வந்து நிப்பேன். இந்தக் காலத்துல எவ செய்வா?”

மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாதி ஏறிய சாக்ஸை வெடுக்கென்று இழுத்தாள்.

அழகாம் அழகு! வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து கட்டிக்கொண்டால் என்ன குறைந்துவிடும்? மாட்டார். நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டு, தெருவைப் பார்த்து உட்கார்ந்து, அதன் பிறகுதான் காலை நீட்டுவார். அம்மா முட்டி போடுவாள். அம்மாவுக்கு முட்டி தேய்ந்துவிட்டது, மடக்கவே கூடாது என்று டாக்டர் சொன்னபோது அவரும் பக்கத்தில்தான் இருந்தார். மண்டையை மண்டையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். மறுநாள் காலை அதே நாற்காலி, அதே கால். லேஸ் ஒரு பக்கம் கொஞ்சம் நீளமாகத் தொங்கிவிட்டால் “அவுத்துக் கட்டு” என்பார். தெருவில் யாராவது போனால் ஒரு வணக்கம் வேறு வைப்பார். கட்டி முடித்துக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அம்மா எழுந்திருப்பதை அவர் பார்த்ததே இல்லை. அதற்குள் வேன் வந்துவிடும்.

“நான் கட்டறேன்ப்பா” என்று மகள் போனால், “உனக்கு வேலைக்கு நேரமாச்சு, போ” என்பார். லேஸ் இல்லாத ஷூ வாங்கிக் கொடுத்தால், “இது விருந்துக்குப் போறவன் போடறது, டியூட்டிக்குப் போறவன் போடறது இல்ல” என்று பெட்டியைத் திறந்த வேகத்தில் மூடினார்.

அப்போதுதான் அவளுக்கு அந்த வீம்பு பிறந்தது. அவள் பை தைக்கும் கம்பெனியில் மாதிரி செய்கிறவள். புதுப் பை ஒன்று வருகிறதென்றால் முதல் பையை அவள்தான் வெட்டித் தைத்துக் கொடுக்க வேண்டும். ஜிப், பக்கிள், கொக்கி எல்லாம் கைக்குப் பழகியவை. சுருக்குப் பைகளின் வாயில் அமுக்கினால் நகருமே ஒரு பூட்டு, அதை ஷூவில் வைத்துப் பார்த்தாள். மூக்கின் மேல் கட்டி வந்தது போலத் துருத்திக்கொண்டு நின்றது. அப்பா ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். தட்டையாக இருக்க வேண்டும், கறுப்பாக இருக்க வேண்டும், ஒரு கையால் முடிய வேண்டும்.

கோட்டு பட்டன் ஒன்றை எடுத்து, ஓரத்தில் ரம்பத்தால் ஒரு வெட்டுப் போட்டாள். லேஸின் இரண்டு நுனியையும் பட்டன் துளை வழியே மேலே இழுத்து, பட்டனுக்கு அடியில் ஒரு சுற்றுச் சுற்றி, ஓரத்து வெட்டில் அழுத்தினால் நிற்க வேண்டும். நிற்கவில்லை. வெட்டு அகலமாகிவிட்டால் நடக்கும்போது நழுவியது. குறுகிவிட்டால் அழுத்துவதற்கு இரண்டு கை வேண்டியிருந்தது. சுற்று பட்டனுக்கு அடியிலிருந்து வழுக்கியது. வலது கையைத் துண்டால் இடுப்போடு கட்டிக்கொண்டு, தன் காலிலேயே மாட்டிப் பார்த்து, கழற்றி, மாட்டி, எத்தனை பட்டன் உடைந்தது என்று அவளுக்கே தெரியாது. கடைசியில் இரண்டு பட்டனுக்கு நடுவே அவற்றைவிடச் சின்ன வாஷர் ஒன்றை வைத்து ஒட்டினாள். நூல்கண்டு மாதிரி நடுவில் பள்ளம் விழுந்தது. சுற்று அதில் போய் உட்கார்ந்துகொண்டது. வெட்டின் விளிம்பைத் தேய்த்து மழுக்கினாள். இழு, சுற்று, அழுத்து. தீர்ந்தது. குதித்துப் பார்த்தாள், மாடிப்படி ஏறி இறங்கினாள். அசையவில்லை.

அப்பாவுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஒரு தடவை பார்த்தார். இடது கையால் இழுத்தார், சுற்றினார், அழுத்தினார். ஷூவைத் தரையில் தட்டினார். அவர் முகத்தில் ஏதோ வந்தது, மகள் அதைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து அம்மா சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து, “அட, நீங்களே போட்டுக்கிட்டீங்களா!” என்று வாயெல்லாம் பல்லாக நின்றாள். வந்தது எதுவோ அது போய்விட்டது.

“பொம்பளைங்க கோட்டு பட்டன் மாதிரி இருக்கு. நாலு பேர் சிரிப்பாங்க” என்று கழற்றி மேஜை இழுப்பறையில் போட்டு மூடினார். மறுநாள் காலை வாசலில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அன்றிலிருந்து மகள் அவரோடு கேட்ட கேள்விக்குப் பதில் என்கிற அளவில்தான் பேசிவந்தாள். கொஞ்ச நாள் கழித்து அந்த இழுப்பறையைத் திறந்து பார்த்தாள். பட்டன்கள் இல்லை. குப்பையில் போட்டுவிட்டார் என்று நினைத்தாள். அதற்குப் பிறகு பதிலும் குறைந்துபோனது.

பின்பக்கக் கதவு தட்டப்பட்டது. வேன் டிரைவர் நின்றுகொண்டிருந்தார். முன்னால் கூட்டம் என்று சுற்றிக்கொண்டு வந்திருக்கிறார். சிவந்த கண். கையில் ஒரு பை.

“சார் சாப்பாட்டு டப்பா, மூக்குக்கண்ணாடி எல்லாம் இருக்கும்மா. ஷூவும் இருக்கு. நான்தான் தொடச்சு வச்சேன்.”

மகள் பைக்குள்ளிருந்து ஷூவை எடுத்தாள். இரண்டு ஷூவிலும் பட்டன் இருந்தது. அவள் செய்த பட்டன். வெட்டின் விளிம்பு கைபட்டுக் கைபட்டு வழவழத்துப் போயிருந்தது.

“நீங்கதான செஞ்சீங்க இத?” டிரைவர் மூக்கை உறிஞ்சினார். “சார் காட்டாத ஆளு கிடையாதும்மா. கேட்டுக்கு வர்ற லாரிக்காரன்கிட்டகூடக் காட்டுவார். என் பொண்ணு மூளைய பாத்தியா, ஒத்தக் கையி போதும்டான்னு சொல்லி மாட்டிக் காட்டுவார்.”

ஒரு கணம் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. இருந்தது என்பதுதான் கொடுமை. இத்தனை நாள் வீட்டில் ஒரு வார்த்தை கிடைக்காதா என்று காத்திருந்த சனியன் பிடித்த மனசு, லாரிக்காரனிடம் சொன்னதைக் கேட்டுக் குளிர்ந்துபோய் நின்றது.

“வீட்டுக்கு வரும்போது இது இருக்காதே” என்றாள்.

“ஆமா. தெருமுனை வந்ததும் வண்டிய நிறுத்தச் சொல்வார். பட்டனக் கழட்டிப் பாக்கெட்ல போட்டுக்குவார். நான் இறங்கி வந்து லேஸ முடிச்சுப் போட்டு விடுவேன். காலையில ஆபீஸ் போனதும் முடிச்ச அவுத்துத் திரும்பப் பட்டன மாட்டித் தருவேன்.” டிரைவர் லேசாகச் சிரித்தார். “கேட்டா, என் சம்சாரத்துக்கு அவ கையால கட்டி விட்டாத்தான்டா திருப்தி, அந்தச் சந்தோஷத்த ஏன் கெடுக்கணும்பார். எவ்வளவு பாசம் பாருங்க.”

மகள் பல்லைக் கடித்துக்கொண்டாள். செத்தவரை எழுப்பி உட்காரவைத்துச் சண்டை போட முடிந்தால் அப்போதே போய்ப் போட்டிருப்பாள். அம்மாவுக்கு இது தெரியக்கூடாது, இன்றைக்குத் தெரியவே கூடாது. ஒரு பட்டனை வெட்டிலிருந்து விடுவித்து உருவப் பார்த்தாள்.

“ஷூ வந்தாச்சா?” அத்தை வந்து ஒன்றைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள். “என்னமோ பட்டன் மாட்டியிருக்கு. எல்லாத்தையும் கழட்டிட்டு ஒழுங்கா லேஸக் கட்டணும்.” கூடத்துக்குப் போய்ச் சத்தமாகச் சொன்னாள். “வாம்மா, எழுந்திரு. கடைசித் தடவை. உன் கையால கட்டி விடு. கம்பெனிக்காரங்க எல்லாம் வந்திருக்காங்க, பாக்கட்டும்.”

அப்பாவைத் தாழ்வான பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். கட்டுவதென்றால் முட்டி போடாமல் முடியாது. அம்மா எழுந்துவிட்டாள். நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு, பெஞ்சருகே வந்து, ஒரு கையைச் சுவரில் ஊன்றிக் குனியத் தொடங்கினாள். எதிர்வீட்டுக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

“அம்மா, குனியாத!” என்று மகள் கத்தினாள். “போய் உட்காரு. அவருக்கே கட்டிக்கத் தெரியும்.”

“என்னடி உளர்ற?” என்றாள் அத்தை.

மகள் அத்தையின் கையிலிருந்து ஷூவை வாங்கினாள். அப்பாவின் இடது காலில் திணித்தாள். வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். இடது கையால் இழுத்தாள், சுற்றினாள், அழுத்தினாள்.

“இவ்வளவுதான். ஆபீஸ்ல தினமும் இப்படித்தான் போட்டுக்கிட்டார். ஊரெல்லாம் காட்டியிருக்கார். நம்ம வாசல்லதான் கை இல்லாத மாதிரி உட்கார்ந்திருக்கார்.”

“செத்தவன் மேல பழி போடாத. நாக்கு அழுகிடும்.”

“இவரக் கேளுங்க.” மகள் டிரைவரைக் காட்டினாள்.

டிரைவருக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. பேய் அறைந்தவர் போல நின்றார். “சார் தப்பா ஒண்ணும்... அம்மாவுக்குத்தான் கட்டி விட்டாத் திருப்தின்னு...”

அம்மா நிமிர்ந்தாள். மகள் அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லியிருக்கக்கூடாதோ என்று இருந்தது. சொல்லாமல் இருந்திருந்தால் இந்நேரம் அம்மா தரையில் இருந்திருப்பாள் என்றும் இருந்தது.

“சாயங்காலம் முடிச்சுப் போட்டு விடறது நீங்களா?” என்று அம்மா டிரைவரைக் கேட்டாள்.

“ஆமாம்மா.”

“ரொம்ப இறுக்கிப் போடுவீங்க.”

“வண்டியில கயிறு கட்டற பழக்கம்மா.”

“நான் காலையில லேசாத்தான் போடுவேன். சாயங்காலம் அவுக்கறதுக்குள்ள நகம் பேந்துடும். என் கைதான் வலு போயிடுச்சுன்னு நெனச்சேன்.” அம்மா தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். “அவரும் அப்படித்தான் சொன்னார்.”

கம்பெனிக்காரர்கள் சுவரைப் பார்த்தார்கள். ஒருவர் மணியைப் பார்ப்பது போலத் தன் ஷூவைப் பார்த்தார்.

“அதக் கழட்டிடு” என்றாள் அம்மா.

“பட்டனையா?”

“ஷூவ.”

மகள் கழற்றினாள். பட்டனைத் தொட்டதும் லேஸ் தானாக விட்டுக்கொடுத்தது. நல்ல வேலை, எப்பேர்ப்பட்ட நல்ல வேலை என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

“வெறுங்காலோடயா?” அத்தை மார்பில் கை வைத்துக்கொண்டாள். “ஊரு என்ன சொல்லும்?”

“சாக்ஸ் போட்டிருக்கே” என்றாள் அம்மா. “வேணும்னா நீங்க கட்டி விடுங்க அண்ணி. நான் குனியல.”

அத்தை ஷூவை எடுத்துக்கொண்டு பெஞ்சருகே போனாள். முட்டியை மடக்கப் பார்த்தாள், இடுப்பைப் பிடித்துக்கொண்டாள், யாராவது வருவார்களா என்று சுற்றிலும் பார்த்தாள். எதிர்வீட்டுக்காரி வாசல் பக்கம் நகர்ந்துவிட்டிருந்தாள். அத்தை ஷூவைத் தரையில் வைத்துவிட்டு ஓவென்று அழுதாள். வண்டி வந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். நான்கு பேர் பெஞ்சைச் சூழ்ந்துகொண்டார்கள். டிரைவர் கால் பக்கம் பிடித்தார். சாம்பல் நிறச் சாக்ஸ் இரண்டும் கதவைத் தாண்டிப் போவது வரை மகள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பெண்கள் எல்லோரும் பின்னாலேயே வாசலுக்குப் போனார்கள். அம்மா போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, உடுத்தியிருந்ததை முட்டிக்கு மேல் தூக்கிக்கொண்டாள்.

“அலமாரியில தைலம் இருக்கும் பாரு.”

மகள் எடுத்து வந்தாள். இத்தனை வருடத்தில் அம்மாவின் முட்டியை அவள் சரியாகப் பார்த்ததில்லை. இரண்டு முட்டியிலும் தோல் கறுத்து, குதிகால் போலக் காய்த்துப்போயிருந்தது. மூடியைத் திறந்துகொண்டே மகள் கீழே உட்காரப் போனாள்.

“நீ எதுக்குக் கீழ உட்கார்ற? இப்படிக் குடு” என்று அம்மா கையை நீட்டினாள்.

தைலத்தை விரலில் எடுத்து, முதலில் வலது முட்டி, அப்புறம் இடது முட்டி என்று அவசரமில்லாமல் தேய்த்தாள். வெளியே வண்டியின் கதவைச் சாத்தினார்கள். ஒரு தடவையில் சாத்திக்கொள்ளவில்லை, திறந்து மறுபடியும் சாத்தினார்கள். அம்மா இன்னும் கொஞ்சம் தைலம் எடுத்துக்கொண்டாள்.