கிளட்ச் பிடித்த கை

ராஜமாணிக்கத்துக்கு இடது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கிடையாது. காக்களூரில் டப்பா மூடி அடிக்கும் ஒரு கம்பெனியில் தகரத்தை வெட்டி அழுத்துகிற பவர் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். எழுபத்தேழாம் வருஷம் ஆடி மாதத்தில் ஒரு மத்தியானம், தகரத்தோடு அந்த இரண்டு விரல்களும் போய்விட்டன. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தவனைக் கம்பெனி கைவிட்டுவிடவில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு, வருகிற லாரிக்குக் கேட்டைத் திறந்துவிடச் சொன்னார்கள்.

வேலை கஷ்டமில்லை. ஆனால் காலையில் பிரஸ் செக்‌ஷன் ஆட்கள் உள்ளே போகும்போது, முன்பெல்லாம் அவனைப் பெயர் சொல்லிக் கத்திக் கூப்பிட்டவர்கள், "எப்படிக்கீற மாணிக்கம்?" என்று நோயாளியிடம் பேசுகிற மாதிரி மெதுவாகக் கேட்டார்கள். அந்த மெதுவான குரலைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிற நேரமெல்லாம் இடது கை காக்கிக் கால்சட்டையின் பாக்கெட்டுக்குள்ளேயே கிடந்தது.

அடுத்த வருஷம் கம்பெனி கும்மிடிப்பூண்டியில் ஒரு கிளை திறந்தது. இங்கே அடித்த மூடியின் மாதிரிகளையும் கடிதங்களையும் தினமும் அங்கே கொண்டுபோய்க் கொடுத்து, பதில் வாங்கி வர ஒரு ஆள் வேண்டும். அதற்கென்று கம்பெனி ஒரு ராஜ்தூத் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தது. அதை ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவு, பஸ் கம்பெனியில் வேலை கிடைத்துப் போய்விட்டார். வண்டி ஷெட்டில் தூசி படிந்து நின்றது.

ராஜமாணிக்கம் மானேஜர் துளசிராமனின் அறைக்குப் போய் நின்றான்.

"அப்பாவு அண்ணன் வேலைய எனக்குக் குடுங்க சார்."

துளசிராமன் நல்ல மனிதர். முதலில் அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு பாக்கெட்டைப் பார்த்தார்.

"ராஜமாணிக்கம், மோட்டார் சைக்கிளுக்கு இடது கையிலதாம்ப்பா கிளட்ச்."

"தெரியும் சார்."

"உனக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?"

"தெரியாது சார். கத்துக்குறேன்."

அவர் ஜன்னல் வழியாக ஷெட்டுப் பக்கம் பார்த்தார். "இங்க யாருக்கும் லைசென்ஸ் இல்ல. வெளியிலேர்ந்துதான் ஆள் எடுக்கணும். அடுத்த மாசக் கடைசி வரைக்கும் பொறுத்துக்கறேன். நீ லைசென்ஸோட வந்தா வண்டி உனக்கு. இல்லேன்னா என்னைத் தப்பா நினைக்காதே."

"வரேன் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தான்.

ராத்திரி அவன் சொன்னதையெல்லாம் அவன் மனைவி செண்பகம் அடுப்பில் குழம்பைக் கிளறிக்கொண்டே கேட்டாள். சிரிக்கவும் இல்லை, பயப்படவும் இல்லை.

"கிளட்சுன்னா இன்னா அது?"

"ஹேண்டில் பாருக்கு முன்னால ஒரு கம்பி இருக்கும். அத்த அழுத்திப் புடிச்சாத்தான் கியர் மாறும். மெதுவா வுட்டாத்தான் வண்டி நவுரும். டக்குனு வுட்டா நின்னுடும்."

"அத்த ரெண்டு விரல்ல புடிக்க முடியுமா?"

"தெரியலமே."

"அப்போ நாளைக்கே என் தம்பிகிட்டப் போயி பாத்துட்டு வா. தெரியலன்னு சொல்லிக்கினு எத்தினி நாளு உக்காந்துகினு இருப்ப?"

செண்பகத்தின் தம்பி சின்னதுரை திருவள்ளூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் மெக்கானிக் கடை வைத்திருந்தான். அவனிடம் பழைய ராஜ்தூத் ஒன்று இருந்தது. மாமா சொன்னதைக் கேட்டதும் வண்டியைத் தெருவில் இறக்கி நிறுத்தினான். கொஞ்ச நேரம் அவன் கையையும் கிளட்ச் கம்பியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"மாமா, ஒரு வேல பண்றேன். இந்தக் கம்பிய எடுத்துட்டு நீளமா ஒண்ணு வெல்டு வச்சித் தரேன். ஸ்பிரிங்கையும் லூசு பண்ணிட்டா குழந்த கூட புடிக்கும்."

"வேணாம்டா."

"இன்னாத்துக்கு வேணாங்குற?"

"கம்பெனி வண்டில எவன் வெல்டு வச்சித் தருவான்? நாளைக்கு அது ரிப்பேராச்சுனா வேற வண்டி குடுப்பாங்க. அத்தயும் வளைக்கச் சொல்லவா? எல்லாரும் புடிக்கற கம்பியத்தான் நானும் புடிப்பேன்."

சின்னதுரைக்குக் கோபம் வந்தது. "பேஜாரு புடிச்ச ஆளுய்யா நீ" என்று சொல்லிவிட்டு ஸ்பேனரைத் தூக்கி டப்பாவில் போட்டான். ஆனாலும் அன்றைக்கே வண்டியில் ஏற்றி உட்கார வைத்து, எது எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொடுத்தான்.

முதல் வாரம் வண்டி நகர்ந்ததைவிட நின்றதுதான் அதிகம். மோதிர விரலும் சுண்டு விரலும் கம்பியைப் பிடித்துவிடும். ஆனால் மெதுவாக விட வராது. பாதியில் விரல் வழுக்கும். வண்டி ஒரு குதி குதித்து அணைந்துபோகும். கடைக்கு எதிரே டீ குடிக்கிறவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ராத்திரி கை முழுவதும் வீங்கிப்போய், சோற்றுத் தட்டைக்கூடப் பிடிக்க முடியாமல் தரையில் வைத்துச் சாப்பிட்டான்.

ஒரு நாள் சாயங்காலம் செண்பகம் கிணற்றடியில் போர்வை துவைத்துக்கொண்டிருந்தாள். ஈரப் போர்வையின் ஒரு முனையை அவனிடம் நீட்டினாள்.

"புடி. பிழியணும்."

அவன் வலது கையை நீட்டினான்.

"அந்தக் கையில்ல. இந்தக் கை."

பக்கத்தில் வேறு பெண்களும் இருந்தார்கள். ராஜமாணிக்கம் தயங்கினான். செண்பகம் கையை நீட்டியபடியே நின்றாள். கடைசியில் இடது கையைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து, இரண்டு விரலுக்கும் கட்டை விரலுக்கும் நடுவே போர்வையைப் பிடித்தான். அவள் அந்தப் பக்கம் முறுக்கினாள். இவன் விடாமல் பிடித்தான். தண்ணீர் கொட்டியது. அன்றிலிருந்து அவர்கள் வீட்டில் எது துவைத்தாலும் இரண்டு பேருமாகத்தான் பிழிந்தார்கள். வேலையில்லாத நேரத்தில் ஈரத் துண்டு ஒன்றை அவன் சும்மா பிழிந்துகொண்டே இருந்தான். கொஞ்சம் கொஞ்சமாக அந்த இரண்டு விரல்களுக்கும் பலம் வந்தது. கம்பியின் நுனியில் பிடித்தால் இலேசாக வருகிறது என்பதையும் அவனே கண்டுபிடித்தான்.

வண்டி நகரத் தொடங்கியதும் எட்டு போடப் பழக வேண்டியிருந்தது. காலைத் தரையில் ஊன்றாமல் எட்டு என்கிற எண்ணைப் போல வண்டியை வளைத்து ஓட்டிக் காட்டினால்தான் லைசென்ஸ் கொடுக்கிற பிரேக் இன்ஸ்பெக்டர் மேலே பேசுவார். கோடையில் காய்ந்து கிடந்த ஏரிக்குள் வண்டியை இறக்கினார்கள். செண்பகம் ஒரு டப்பாவில் கோல மாவு கொண்டுவந்து, குனிந்தபடியே பெரிய எட்டு ஒன்றைப் போட்டாள். அவன் கோட்டின்மேல் ஓட்டி ஓட்டி அழித்தான். அவள் மறுபடி போட்டாள். நாளுக்கு நாள் எட்டைச் சின்னதாக்கிக்கொண்டே வந்தாள்.

"இன்னாமே, இதுல நடக்கக்கூட முடியாது போலக்கீதே!"

"இதுல வளைச்சுட்டா இன்ஸ்பெக்டரு போடுறது உனக்கு மைதானம் மாதிரி தெரியும். ஓட்டு."

எட்டு வந்துவிட்டது. வராமல் போக்குக் காட்டியது சிக்னல்தான். திரும்புவதானாலும் நிற்பதானாலும் வலது கையை நீட்டித்தான் காட்ட வேண்டும். அந்த நேரத்தில் வண்டி முழுவதையும் இடது கை ஒன்றே தாங்கவேண்டும். நல்ல கையை வெளியே விட்டுவிட்டு, போன கையை நம்பவேண்டும். ராஜமாணிக்கத்தால் அது முடியவில்லை. வலது கையை எடுத்ததும் முன்சக்கரம் ஆடும்; பயந்து கையை உடனே இழுத்துக்கொள்வான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செவ்வாப்பேட்டை ரோட்டில் அப்படிக் கையை நீட்டியபோது சக்கரம் ஒரு கல்லில் ஏறிவிட்டது. வண்டியோடு ரோட்டோரம் விழுந்தான். முழங்கால் தோல் உரிந்தது. பின்னால் சைக்கிளில் வந்த சின்னதுரை தூக்கிவிட ஓடினான். சைக்கிளின் பின்சீட்டிலிருந்து குதித்த செண்பகம் தம்பியின் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வுடு. அவரே எழுந்துப்பாரு."

ரோட்டில் போன இரண்டு பேர் "அடடா, கையில்லாத மனுசன்" என்று சொன்னது ராஜமாணிக்கத்தின் காதில் விழுந்தது. அவன் எழுந்தான். வண்டியை நிமிர்த்தினான். உதைத்துக் கிளப்பி, அதே இடத்துக்குத் திரும்பி வந்து, வலது கையைத் தோள் உயரத்துக்கு நேராக நீட்டினான். இந்த முறை இழுத்துக்கொள்ளவில்லை. திருப்பம் முடிகிற வரைக்கும் கை அப்படியே நின்றது. அவன் திரும்பி வந்தபோது செண்பகம் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வெயிலுக்கா வேறெதற்கா என்று அவன் கேட்கவில்லை.

பிரேக் இன்ஸ்பெக்டர் மாதம் ஒரு தடவைதான் திருவள்ளூருக்குக் கேம்ப் வருவார். பெயர் ஸம்பத்குமார். கண்டிப்பானவர் என்று பெயரெடுத்தவர். அன்றைக்கு ஒரு புளியமரத்தடியில் அவருக்கு மேஜை போட்டிருந்தது; பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். ராஜமாணிக்கம் சலவைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு நின்றான். முறை வந்ததும் அவர் கேட்பதற்கு முன்பே இடது கையை எடுத்து முன்னால் வைத்தான்.

"ரெண்டு விரல் இல்ல சார். டாக்டர் சர்ட்டிபிகேட் இருக்குது."

ஸம்பத்குமார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கையைப் பார்த்தார். சர்ட்டிபிகேட்டையும் பார்த்தார்.

"டாக்டர் எழுதிக் குடுத்துட்டுப் போயிடுவார். ரோட்டில நீ யார் மேலயாவது ஏத்தினா கையெழுத்துப் போட்ட நான்தான் பதில் சொல்லணும். எதுக்குய்யா உனக்கு இந்த வேலை?"

"ஓட்டிக் காட்டறேன் சார். அப்பால நீங்க சொல்லுங்க."

எட்டு போடச் சொன்னார். போட்டான். இன்னொரு தடவை போடச் சொன்னார். அதையும் போட்டான். மற்றவர்களை ஒரு தடவையோடு விட்டதை அவன் கவனித்தான். பிறகு யாருக்கும் செய்யாத ஒரு காரியத்தை அவர் செய்தார். வேட்டியைச் சரிசெய்கிற மாதிரி பேண்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

"கடைத்தெரு வழியா ரயில்வே கேட்டு வரைக்கும் போ."

அன்றைக்கு அமாவாசை. வீரராகவர் கோயிலுக்கும் குளத்துக்கும் வந்த கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டிருந்தது. முதல் கியரிலேயே, கிளட்சைப் பாதி பிடித்தும் பாதி விட்டும் ஊர்ந்து போகவேண்டியிருந்தது. இரண்டு விரல்களும் நெருப்புப் பட்ட மாதிரி எரிந்தன. விடவில்லை. திருப்பத்தில் வலது கையை நீட்டினான். பின்னால் உட்கார்ந்தவரின் கனமும் சேர்ந்து இடது கைக்கு வந்தது. வண்டி ஆடாமல் திரும்பியது.

ரயில்வே கேட் மூடியிருந்தது. கேட்டுக்கு ஏறுகிற மேட்டில், வைக்கோல் ஏற்றிய மாட்டு வண்டிக்குப் பின்னால் நிற்கவேண்டி வந்தது. கூட்ஸ் வண்டி போய் முடிந்தது. கேட் திறந்தது. மாடுகள் இழுத்தன. ஒரு மாடு கால் சறுக்கி மண்டியிட்டது. வைக்கோல் வண்டி முன்னே போவதற்குப் பதிலாகப் பின்னால் உருண்டு வரத் தொடங்கியது.

பின்னால் ஒரு பஸ் நின்றது. இடது பக்கம் மட்டும் கொஞ்சம் இடம் இருந்தது. ராஜமாணிக்கம் கியர் போட்டு ஆக்சிலேட்டரை முறுக்கினான். கிளட்சைக் கொஞ்சமே கொஞ்சம் விட்டான். டக்கென்று விட்டிருந்தால் வண்டி அணைந்து இரண்டு பேரும் வைக்கோலுக்கு அடியில் போயிருப்பார்கள். வண்டி முனகிக்கொண்டு மேட்டில் ஏறி, இடது பக்கம் வளைந்து, உருண்டு வந்த சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி வெளியே வந்தது. கேட்டைத் தாண்டி, கை காட்டி, ஓரமாக நிறுத்தினான். இறங்கி ஓடிப்போய், அங்கே கூடியவர்களோடு சேர்ந்து மாட்டு வண்டிச் சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தான்.

ஸம்பத்குமார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உன்னை ஃபெயில் பண்ணணும்னுதான்யா பின்னாடி ஏறினேன்" என்றார்.

ராஜமாணிக்கம் கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினான்.

"பாஸ். போ, வண்டிய எடு. என்னைக் கேம்ப்புலயே கொண்டுபோய் விடு. வெயில்ல நடக்க முடியாது."

புளியமரத்தடியில் செண்பகமும் சின்னதுரையும் காத்திருந்தார்கள். இன்ஸ்பெக்டரைப் பின்னால் வைத்துக்கொண்டு அவன் வருவதைப் பார்த்ததுமே சின்னதுரை கையைத் தட்டினான். ஸம்பத்குமார் இறங்கி, மேஜைக்குப் போய், காகிதத்தில் எழுதினார். எழுதிவிட்டு, வரிசையில் நின்ற மற்றவர்களைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "கை காட்டறதுன்னா எப்படின்னு இவரைப் பார்த்துக் கத்துக்கோங்க. இன்னிக்கு வந்தவங்கள்ல ஒழுங்கா சிக்னல் போட்டது இவர் ஒருத்தர்தான்."

இவர் என்று அவர் சொன்னது செண்பகத்தின் காதில் சரியாக விழுந்தது.

லைசென்ஸ் புத்தகத்தை மேஜைமேல் வைத்தபோது துளசிராமன் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். ஷெட்டுச் சாவியை அவரே எடுத்துக் கொடுத்தார். தூசி படிந்த வண்டியை ராஜமாணிக்கம் அரை நாள் உட்கார்ந்து துடைத்தான். பிரஸ் செக்‌ஷன் சாலமோன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, பிரஸ் சத்தத்தையும் மீறிக் கத்தினான்: "டேய் மாணிக்கம்! மொத ரவுண்டு எனக்குத்தாண்டா!" அந்தக் கத்தலைக் கேட்டு ராஜமாணிக்கம் வாய்விட்டுச் சிரித்தான்.

திங்கட்கிழமை காலை, மெயின் ரோட்டுக் குழாயடியில் செண்பகம் குடத்தை வைத்துவிட்டு நின்றாள். குடம் நிரம்பி வழிந்தது. அவள் எடுக்கவில்லை.

"இன்னாடி செம்பகம், ரோட்டையே பாத்துக்கினு நிக்கற? குடத்த எடு" என்றாள் பின்னால் நின்ற முத்தம்மாள்.

"இரு அக்கா, வரட்டும்."

தூரத்தில் சத்தம் கேட்டது. தோளில் கான்வாஸ் பை மாட்டிக்கொண்டு ராஜமாணிக்கம் வந்தான். அவளைப் பார்த்தான், ஹாரனை ஒரு தடவை அடித்தான். ஆனால் வேகத்தைக் குறைக்கவில்லை. பெரியபாளையம் ரோட்டுப் பக்கம் வண்டி போய் மறைந்தது.

குழாயடிக்குப் புதிதாக வந்திருந்த ஒரு பெண் கேட்டாள்: "யாருக்கா அது, இம்மாம் ஜோரா போறாரு?"

செண்பகம் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அங்கிருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"எங்க ஊட்டுக்காரரு. கும்மிடிப்பூண்டி போறாரு."