பாட்டு உள்ளே, பாஞ்சாலி வெளியே

சனிக்கிழமை மாலை ஏழரை மணி. ஆழ்வார்பேட்டை ஓட்டல் ஒன்றின் மூன்றாவது மாடியில் இருந்த அந்த மியூசிக் பார் நிரம்பத் தொடங்கியிருந்தது. சினிமாப் பாட்டு கிடையாது என்பதுதான் அந்த இடத்தின் பெருமை. சொந்தமாகப் பாட்டுக் கட்டும் சின்னக் குழுக்களுக்கு மட்டுமே அங்கே மேடை. அன்றைக்கு ‘உப்புக்காத்து’ குழுவின் முறை. ஆனந்தகுமார் மேடை ஓரத்தில் நின்று கிடாருக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தான்.

அவன் பக்கத்தில் வந்து நின்றார் மஹ்விஷ். பெரிய இசை நிறுவனம் ஒன்றுக்காகப் புதுக் குழுக்களைத் தேர்ந்தெடுக்கும் பெண்மணி. தி.நகரில் அப்பாவின் ஜவுளிக்கடைக்கு வரமாட்டேன் என்று சண்டை போட்டு, ஆறு வருஷமாகப் பாட்டே கதி என்று கிடப்பவனுக்கு, அவரே தேடி வந்ததை நம்ப முடியவில்லை.

“அந்தக் கடல் பாட்டுக்காகத்தான் வந்தேன்,” என்றார் மஹ்விஷ். “நீங்க பாடின அரை நிமிஷ வீடியோதான் பாத்தேன். ராத்திரி பூரா மண்டைக்குள்ள ஓடிட்டே இருந்துது.”

அந்தப் பாட்டு ஆனந்தகுமாருடையது அல்ல. ஊரூர் ஒல்காட் குப்பத்தில் மீன் விற்கும் பாஞ்சாலியுடையது. ஒரு புயலின்போது அவள் புருஷன் தேசப்பன் இரண்டு நாள் கரை திரும்பவில்லை. மணலில் உட்கார்ந்து கடலைப் பார்த்து அவள் புலம்பியதே பாட்டாக வந்தது. ‘வலைய வேணா வச்சிக்க, என் வூட்டுக்காரன அனுப்பி வுடு.’ தேசப்பன் பிழைத்து வந்தான். பாட்டும் தங்கிவிட்டது. ஞாயிறுதோறும் மீன் வாங்கப் போகும் ஆனந்தகுமார் ஒருநாள் அதைக் கேட்டு, அவளிடம் சொல்லிவிட்டுத்தான் செல்போனில் பதிந்துகொண்டான்.

“சனிக்கிழமை நீயும் அண்ணனும் வாங்கக்கா. உன் பாட்டை மேடையில கேளு,” என்று அழைத்ததும் அவன்தான்.

“அங்கெல்லாம் எங்கள வுடுவாங்களா நைனா?”

“என் பேரைச் சொல்லுக்கா. யார் தடுப்பாங்க?”

இப்போது பார் மேலாளர் ஹரி அவசரமாக வந்தான்.

“ஆனந்த், வாசல்ல ஒரு அம்மாவும் ஒரு ஆளும் நிக்கறாங்க. உங்க பேரைச் சொல்றாங்க. அந்தாளு ரப்பர் செருப்பு போட்டிருக்கார். மீன் வாடை வருதுன்னு ஒரு கஸ்டமர் முகம் சுளிக்கறாரு. உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?”

ஆனந்தகுமார் திரும்பிப் பார்த்தான். காவலாளி பாதி திறந்து பிடித்திருந்த கண்ணாடிக் கதவுக்கு அப்பால் பாஞ்சாலி நின்றாள். அரக்குப் பட்டுப் புடவை, தலை நிறையக் கனகாம்பரம். அவனைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்து கையைத் தூக்கினாள். மஹ்விஷ் அவளையும் பார்த்தார், அவனையும் பார்த்தார்.

‘எங்க அக்கா’ என்று சொல்ல ஒரு விநாடி போதும். ஆனால் அந்த ஒரு விநாடியில் மேசைகளில் இருந்தவர்களின் பார்வை, பளபளக்கும் தரை, மஹ்விஷ் என்ன நினைப்பார் என்ற பயம் எல்லாம் சேர்ந்து அவன் நாக்கைக் கட்டிப்போட்டன.

“இல்லையே,” என்றான். “யாரோ தப்பா வந்துட்டாங்க போல.”

தூக்கிய கை மெல்ல இறங்கியது. தேசப்பன் காவலாளியிடம் ஏதோ கேட்க வாயெடுத்தான். பாஞ்சாலி அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

கால்மணி நேரம் கழித்து அவளுடைய பாட்டை அவன் பாடினான். பார் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது.

“யார் எழுதினது?” என்று கேட்டார் மஹ்விஷ்.

“பழைய நாட்டுப்பாட்டு மேடம். நாங்கதான் தேடிப் புடிச்சோம்.”

முதல் பொய்க்குப் பயம் காரணம். இந்த இரண்டாவது பொய் தானாகவே வந்தது. அடுத்த சனிக்கிழமை ஒப்பந்தத்தோடு வருவதாக மஹ்விஷ் சொல்லிப் போனார். மேடையும் அடுத்த வாரம் உங்களுக்குத்தான் என்றான் ஹரி.

கீழே வண்டி நிறுத்துமிடத்தில், டிரம்ஸ் வாசிக்கும் காஷிஃப் அவன் முகத்தைப் பார்க்காமலே கேட்டான்.

“ஏன் மச்சி அப்படிச் சொன்ன? அவங்க வீட்ல எத்தனை நாள் சாப்பிட்டிருக்கோம்? என்னையும்தான் சொல்லணும். பாத்துக்கிட்டே நின்னேன்.”

அன்றிரவு ஆனந்தகுமாருக்குத் தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் கண்ணாடிக்கு அப்பால் அந்தக் கை இறங்கியது.

காலையில் குப்பத்துக்குப் போனான். பாஞ்சாலி ஒரு வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த தேசப்பன் எழுந்து உள்ளே போய்விட்டான்.

“இன்னா நைனா, மீனு வேணுமா?”

“அக்கா, நேத்து...”

“மீனு வேணுமான்னு கேட்டேன்.”

“மன்னிச்சிடுக்கா. பெரிய ஆள் ஒருத்தங்க பக்கத்துல இருந்தாங்க. பயத்துல சொல்லிட்டேன்.”

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

“நேத்து நான் மீனே தொடல, தெரியுமா? வியாபாரத்துக்கு லீவு போட்டு, ரெண்டு தபா சோப்பு போட்டுக் குளிச்சிட்டு, கண்ணாலத்துக்கு எடுத்த புடவையக் கட்டிக்கினு வந்தேன். அப்பவும் எவனோ வாடை வருதுன்னான். சரி, வாசல்ல நின்னவன் சம்பளத்துக்குத் தடுத்தான். நீ இன்னாத்துக்கு நைனா தடுத்த?”

பாட்டைப் பழைய நாட்டுப்பாட்டு என்று சொன்னதையும் மறைக்காமல் சொல்லிவிட்டான். பாஞ்சாலி கடல் பக்கம் திரும்பினாள்.

“என் புருசன் செத்துட்டான்னு நெனச்சி அழுதது அது. அதுக்கும் பேர் இல்லாம பண்ணிட்டியா?” என்றாள். “இங்க குந்தி, யாருக்கும் தெரியாம மன்னிப்பு கேக்காத. எத்தினி பேர் எதிர்ல தெரியாதுன்னு சொன்னியோ, அத்தினி பேர் எதிர்ல தெரியும்னு சொல்லு. அதுவரைக்கும் அந்தப் பாட்டு உன் வாய்ல வரக்கூடாது.”

அடுத்த சனிக்கிழமை பார் முன்னைவிட நிறைந்திருந்தது. மஹ்விஷ் கையில் ஒப்பந்தக் காகிதங்கள். கடல் பாட்டு, கடல் பாட்டு என்று கூட்டம் கத்தியது. ஆனந்தகுமார் கிடாரைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு மைக்கைப் பிடித்தான்.

“அந்தப் பாட்டைப் பாட எனக்கு உரிமை இல்ல. அது ஊரூர் ஒல்காட் குப்பத்துல இருக்கற பாஞ்சாலி அக்காவோட பாட்டு. போன வாரம் நான் கூப்பிட்டுத்தான் இங்க வந்தாங்க. அவங்கள யாருன்னே தெரியாதுன்னு சொன்னேன். மஹ்விஷ் மேடம், உங்ககிட்டயும் பொய் சொன்னேன்.”

ஒருவர் தயங்கிக் கைதட்டினார். சிலர் எழுந்து வெளியே போனார்கள். மஹ்விஷ் காகிதங்களைப் பைக்குள் திரும்ப வைத்தார்.

“இப்பவாவது சொன்னீங்களே,” என்றார். “ஆனா உங்களோட இனி ஒப்பந்தப் பேச்சே இல்ல. அந்தம்மா இஷ்டப்பட்டா நான் நேராப் போய்ப் பேசறேன். கேட்டுச் சொல்லுங்க.”

அவர் போனதும் ஹரி கோபத்தோடு மேடை அருகே வந்தான்.

“ஒரு மீன்காரம்மாவுக்காக எங்க பேரைக் கெடுத்துட்டியே! இனிமே இந்தப் பக்கம் வராதே.”

காஷிஃப் டிரம்ஸைக் கழற்றத் தொடங்கினான். ஆனந்தகுமார் கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஆறு வருஷக் கனவு கைவிட்டுப் போனது வலித்தது. அதைவிட, இதைச் சொல்ல ஒரு வாரம் ஆனதே என்பது வலித்தது.

“வரல ஹரி. ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. அவங்க பாட்டு நமக்கு வேணும், அவங்க புடிச்சிட்டு வர்ற மீனு வேணும். அவங்க மட்டும் வேணாம். இதுக்கு ரசனைன்னு பேர் வச்சிருக்கோம், உண்மையில இது திருட்டு. ஒருத்தரோட பாட்டுக்குக் கதவத் திறக்கறவன், அவங்களுக்கும் திறக்கணும். முடியலன்னா அந்தப் பாட்டைத் தொடக்கூடாது.”