கோல் தெரியாத இடம்

அறுநூற்றுப் பதினேழு கருத்துத் தாள்களையும் மேசைமேல் கொட்டிப் பார்த்தபோது ஸ்கேலுக்கு மேசையின் விளிம்பே தெரியவில்லை. ஸ்கேல் என்பது அந்தக் கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர். சாப்பாட்டு டப்பாவைக்கூட மேசை விளிம்பிலிருந்து அளவு பார்த்து வைக்கிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? கல்லூரியின் கால்பந்து அரங்கைப் பெரிதாக்கும் வேலை எட்டு மாதமாக அவள் கையில்தான் இருந்தது. வரைந்த படத்தை ரசிகர்களிடம் காட்டிக் கருத்துக் கேட்டது கல்லூரி. வெள்ளிக்கிழமை குழு கூடி ஒப்புதல் கொடுத்துவிட்டால் அப்புறம் கான்கிரீட்தான். யார் வந்து முட்டிக்கொண்டாலும் அசையாது.

ரசிகர்கள் வாய்க்கு வந்ததை எழுதியிருந்தார்கள். கூரை, கவிழ்த்து வைத்த சோப்பு டப்பா மாதிரி இருக்கிறது என்று ஒருவர். அந்தக் கூரைக்காகவே வரைந்தவருக்குக் கோயில் கட்டலாம் என்று இன்னொருவர். கழிப்பறை போதாது என்று நூற்றுப் பன்னிரண்டு பேர். கிழக்குப் பக்கத்து மூன்றாம் படியில்தான் நானும் என் மனைவியும் முதன்முதலாகச் சண்டை போட்டோம், அதை மட்டும் இடிக்காதீர்கள் என்று ஒரு பழைய மாணவர் மன்றாடியிருந்தார். ஒருத்தர் அரங்கத்தையே புதிதாக வரைந்து அனுப்பியிருந்தார், மைதானத்தை மட்டும் மறந்துவிட்டு.

கூரை, கழிப்பறை, திட்டு, பாராட்டு என்று நான்கு கட்டாகப் பிரித்தாள். எல்லாவற்றையும் முழுதாகப் படிக்க ஆறு கண் வேண்டும். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தாள். மனிதர்கள் எவ்வளவு சுற்றி வளைத்து எழுதினாலும் கடைசி வரியில் மனசு வந்துவிடும், அதை மட்டும் பார்த்தால் போதும். அப்படித்தான் அந்தத் தாள் பாராட்டுக் கட்டில் போய் உட்கார்ந்தது. “படம் அழகாக இருக்கிறது. வரைந்த கைக்கு நன்றி” என்று முடிந்திருந்தது. ஆர்க்கிடெக்ட் சாருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. குழுவுக்குக் காட்டப்போகும் ஸ்லைடுகளில் முதலாவதாகவே பெரிய எழுத்தில் போடச் சொன்னார். அவளுக்கும் தலைகால் புரியவில்லை. அக்காவுக்கு போன் போட்டு இரண்டு தடவை படித்துக் காட்டினாள்.

புதன்கிழமை மதியம் குழுவுக்கான அறிக்கையின் இணைப்பில் சேர்ப்பதற்காக அந்தத் தாளை முழுதாகத் தட்டச்சு செய்ய உட்கார்ந்தாள்.

“ஐயா, பதினோரு வருடமாக ஒரு ஆட்டம் விடாமல் வருகிறேன். சக்கர நாற்காலிக்காரர்களுக்குக் கீழ்த்தட்டில் கடைசி வரிசைக்குப் பின்னால் இடம். நல்ல இடம்தான், வெயில் படாது. ஆனால் பந்து கோலுக்குப் பக்கத்தில் போனதும் எல்லோரும் எழுந்துவிடுகிறார்கள். எழத்தான் செய்வார்கள், முடிந்தால் நானும்தான் எழுவேன். அதனால் இதுவரை நான் ஒரு கோலைக்கூடப் பார்த்ததில்லை. புதுப் படத்திலும் எங்கள் இடம் அங்கேயேதான் இருக்கிறது. குறையாகச் சொல்லவில்லை. படம் அழகாக இருக்கிறது. வரைந்த கைக்கு நன்றி.” கீழே பெயருக்குப் பதிலாக ‘கடிகாரம் பழுது பார்ப்பவர், பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே’ என்று இருந்தது.

ஸ்கேல் தட்டச்சு செய்வதை நிறுத்தினாள். அரங்கின் குறுக்குவெட்டுப் படத்தைத் திரையில் திறந்தாள். ஒவ்வொரு ரசிகரின் கண்ணிலிருந்தும் மைதானத்துக்கு ஒரு மெல்லிய கோடு இழுத்திருந்தாள். எல்லோருக்கும் எல்லாம் தெரிந்தது. ஏனென்றால் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள், முழங்காலில் கை வைத்துக்கொண்டு, போட்டோ எடுக்கப் போகிறவர்கள் மாதிரி. ஒரு ஆளை வரைந்து அவனையே நகலெடுத்து வரிசை வரிசையாக ஒட்டியது அவள்தான். எட்டு மாதத்தில் ஒரு ஆட்டத்துக்காவது போய் எட்டிப் பார்த்திருக்கிறாளா? இல்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. அதற்கு மேல் ஒரு நன்றியும் வந்தது. திட்டியிருக்கலாம் அந்த மனிதர். திட்டியிருந்தால் திட்டுக் கட்டில் ஐம்பதோடு ஐம்பத்தொன்றாகப் போயிருக்கும், அவளும் படித்திருக்க மாட்டாள்.

வியாழன் காலை அவள் சொன்னதைக் கேட்டதும் ஆர்க்கிடெக்ட் சார் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“நாளைக்கு மீட்டிங்கை வச்சுக்கிட்டு இப்பப்போய் ஏம்மா குட்டையைக் குழப்புற? சக்கர நாற்காலி இடத்தை மேடை கட்டி உயர்த்தினா ரெண்டு வரிசை போயிடும். காலேஜ்ல கேட்ட சீட்டு கணக்கு வராது.”

“தெரியும் சார். ஒரு நிமிஷம் இந்த நாற்காலியில உட்காருங்க.”

ஸ்லைடைச் சுவரில் போட்டாள். கணக்கு பார்க்கிறவரையும், மாடிக்கு டீ கொண்டுவந்த அம்மாவையும், வாசல் காவலாளியையும் கூப்பிட்டு சாருக்கு முன்னால் சுவரைப் பார்த்து வரிசையாக நிற்க வைத்தாள். என்ன ஏது என்று தெரியாமலே மூன்று பேரும் விறைப்பாக நின்றார்கள்.

“என்ன சார் தெரியுது?”

“கணக்கு சாரோட பெல்ட்டு தெரியுது. பின்னாடி ஒரு லூப்புல மாட்டாம விட்டிருக்காரு.”

கணக்கர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். டீக்கார அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“பதினோரு வருஷமா ஒருத்தருக்கு அதான் சார் தெரியுது. நம்ம முதல் ஸ்லைடுல நன்றி சொல்லியிருக்காரே, அவருக்கு.”

சார் நாற்காலியை விட்டு உடனே எழவில்லை. முன்னால் நின்ற முதுகுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்த ஒத்த வரியை எடுத்துடு. லெட்டரை முழுசாப் போடு. நீ வரைஞ்சு முடி, குழுகிட்ட நானே பேசுறேன். ஒத்துப்பாங்களான்னு மட்டும் கேக்காத, எனக்கே தெரியாது.”

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நன்றி சார் என்று சொல்வதற்குள் அவர் கணக்கரிடம் பெல்ட்டைப் பற்றி ஏதோ கேட்டபடி போய்விட்டார்.

அன்று மாலை ஒரு ஆட்டம் இருந்தது. வரைந்து முடித்த தாளைச் சுருட்டிக்கொண்டு முதல் தடவையாக அரங்குக்குப் போனாள். கீழ்த்தட்டின் கடைசி வரிசைக்குப் பின்னால், தூண் ஓரமாக, சக்கர நாற்காலியில் ஒல்லியாக ஒருவர் இருந்தார். சட்டைப்பையில் கடிகாரக்காரர்கள் கண்ணில் வைக்கிற கறுப்பு வில்லை எட்டிப் பார்த்தது. ஒரு பிளாஸ்டிக் முக்காலியைத் தேடிப் பிடித்துப் பக்கத்தில் போட்டு, அவர் கண் உயரத்துக்குத் தன் கண் வருகிறதா என்று பார்த்து உட்கார்ந்தாள்.

“அண்ணா, நான்தான் அந்தப் படம் வரைஞ்சது.”

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். “இந்தக் கையா?”

“மன்னிச்சுடுங்கண்ணா. உங்க லெட்டர்ல முதல்ல கடைசி வரியை மட்டும்தான் படிச்சேன்.”

“அதையாவது படிச்சீங்களே! போன தடவை பெயின்ட் அடிச்சப்போ எங்களை யாரும் ஒரு வார்த்தை கேக்கல.”

தாளை அவர் மடியில் விரித்தாள். அவர் வில்லையைக் கண்ணில் பொருத்திக்கொண்டு குனிந்தார். அரை அங்குலத்துக்கும் குறைவான மனிதர்கள். ரொம்ப நேரம் பார்த்தார்.

“எல்லாரும் நிக்கிறாங்க.”

“ஆமாண்ணா.”

“கையெல்லாம் தூக்கியிருக்காங்களே, கோலா?”

“கோல்தான். கை தூக்கினாலும் மறைக்கக் கூடாதுன்னு இன்னொரு அரை அடி சேத்து உயர்த்தியிருக்கேன். நாளைக்குக் குழு ஒத்துக்கணும். அது என் கையில இல்ல.”

“பின்னாடி மேல உட்கார்ந்திருக்கிறது?”

“நீங்க.”

அவர் வில்லையை எடுத்தார். கண்ணைச் சுற்றி அதன் வட்டம் சிவப்பாகப் பதிந்திருந்தது. “ஒத்துக்காட்டியும் பரவாயில்லம்மா. இதை நானே வச்சுக்கட்டுமா?”

தலையாட்டினாள். முகம் தெரியாத ஒரு ஆளை ஆயிரம் தடவை நகலெடுத்திருக்கிறாள். இவரை மட்டும் ஒரு தடவைதான் வரைந்தாள்.

மைதானத்தில் கூச்சல் ஏறியது. அவர் காதைத் தீட்டிக்கொண்டு முன்னால் கை காட்டினார். “அதோ, அந்த நீலச் சட்டை. அவர் எழுந்தா பந்து நம்ம ஆளுகிட்ட இருக்குன்னு அர்த்தம். பக்கத்துல இருக்கிற குண்டு மனுஷனும் எழுந்துட்டா அவ்வளவுதான்.”

நீலச் சட்டை எழுந்தது. குண்டு மனிதர் எழுந்தார். பிறகு வரிசை வரிசையாக எல்லோரும். ஒரு நொடிக்கு முன்னால் அவள் கண்ணெதிரே இருந்த பச்சைப் புல்வெளி காணாமல் போய், சட்டைகளும் பெல்ட்டுகளும் வியர்வை படிந்த முதுகுகளும் மட்டும் இருந்தன. அவளும் எழத்தான் பார்த்தாள். முக்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள்.

அரங்கமே அதிர்ந்தது. அவர் முதுகுகளைப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த தாளில் தன் கண்ணிலிருந்து புறப்பட்ட கோட்டின்மேல் விரலை வைத்து, தூக்கிய கைகளுக்கெல்லாம் மேலாக, மெல்ல மெல்ல நகர்த்திக்கொண்டிருந்தார். கூச்சல் அடங்குவதற்குள் விரல் கோல் வலையைத் தொட்டுவிட்டது.