ஃபிளெக்ஸுக்கு ஒரு முகம்

பழனிசாமி நல்லபடியாகத்தான் செத்தார். காலையில் இட்லி சாப்பிட்டார், இன்னும் ஒரு கரண்டி சட்னி கேட்டார், சட்னி வருவதற்குள் போய்விட்டார். தீவில் ஹேடோ பக்கம் ஆயுசு முழுக்க ஆணியும் பெயிண்டும் விற்றவருக்கு இதைவிடக் கௌரவமான சாவு கிடைக்காது. அவர் மானம் போனது மறுநாள்தான். கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் வந்து நின்றது.

வீட்டில் அவருடைய தனிப்படம் ஒன்றுகூட இல்லாததால், ஏதோ கல்யாணத்தில் எடுத்த கூட்டப் படத்திலிருந்து அவரை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள். ஒரு கண் மூடியிருந்தது. வாய் பாயசத்துக்கும் பேச்சுக்கும் நடுவில் நின்றுவிட்டிருந்தது. இடது தோளில் யாருடையதோ ஒரு கை, மணிக்கட்டு வரைக்கும், மோதிரத்தோடு. துக்கம் கேட்க வந்தவர்கள் பழனிசாமியை மறந்துவிட்டு அந்தக் கை யாருடையது என்று விவாதித்தார்கள். சாயங்காலத்துக்குள் நாலு பேர் அது தங்களுடையது என்றார்கள். மோதிரத்தைக் காட்டச் சொன்னதும் மூன்று பேர் பின்வாங்கினார்கள். பழனிசாமி வளர்த்த நாய் அந்த ஃபிளெக்ஸைப் பார்த்துக் குரைத்த குரைப்பில் தொண்டை கட்டிப்போய், காரியம் முடிகிற வரைக்கும் பூனை மாதிரிதான் சத்தம் போட்டது.

இதையெல்லாம் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார் கண்ணையா. ஹேடோ துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்து, மெயின்லேண்டுக் கப்பலில் வந்து இறங்கும் மூட்டைகளை எண்ணி எண்ணியே ஓய்வுபெற்றவர் அவர். மனிதர்களை மூட்டைகளுக்கு ஒரு படி கீழேதான் வைத்திருந்தார். மூட்டை வைத்த இடத்தில் இருக்கும், ‘சௌக்கியமா’ என்று கேட்காது. இப்படிப்பட்டவர் செத்த பிறகு, அவர் இத்தனை காலம் மதிக்காத இதே கூட்டம் அவர் முகத்துக்கு முன்னால் வந்து நின்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கும். திருப்பி ஒரு வார்த்தை கேட்க அவருக்கு வாய் இருக்காது. முகம்தான் பதில் சொல்ல வேண்டும். அந்த முகம் ஒழுங்காக இருந்தாக வேண்டும்.

ஸ்டுடியோவை அவர் நம்பவில்லை. ஸ்டுடியோக்காரன் முகத்துக்கு வெள்ளையடித்து, உதட்டுக்குச் சாயம் பூசி, பின்னால் பனிமலையை வைத்து, செத்தவன் ஆணா பெண்ணா என்று வருகிறவன் கேட்கும்படி செய்துவிடுவான். மகன் கோகுல் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போனபோது விட்டுப்போன பெரிய கேமரா அலமாரியில் கிடந்தது. எடுக்கத்தான் ஆள் வேண்டும். மனைவி ருக்குவிடம் கேட்டார்.

“உங்க மூஞ்சிய நேர்லயே முழுசாப் பாத்து வருசக்கணக்காச்சு. இதுல பொட்டி வழியா வேற பாக்கணுமாக்கும்?” என்று அவள் முருங்கைக்காயை நறுக்கப் போய்விட்டாள்.

மிச்சம் இருந்தது சம்பந்தி விஜயராஜ்தான். கோகுலின் மாமனார். ஃபீனிக்ஸ் பே படகுத்துறையில் ஃபெர்ரி ஓட்டி ஓய்வுபெற்றவர். பூட்டன் காலத்திலிருந்தே தீவுக்காரர். தமிழில் ஏறி இந்தியில் இறங்குவார். மெயின்லேண்டிலிருந்து பிழைக்க வந்தவன் என்று கண்ணையாவை அவருக்கு இளக்காரம். ஒரே தண்ணீரில் போய்ப்போய் வந்ததைத் தவிர வாழ்க்கையில் என்ன கிழித்தான் என்று அவர்மீது கண்ணையாவுக்கு இளக்காரம். ஆனால் சம்பந்தி உறவு. திட்டுவதாக இருந்தாலும் ‘ங்க’ போட்டுத்தான் திட்ட வேண்டும்.

“பழனிசாமி ஃபிளெக்ஸப் பாத்தீங்கள்ல, சம்பந்தி?”

“தேக்கா, தேக்கா, பாத்தேன். எனக்கு ரெண்டு நாள் சோறு எறங்கல.”

“நாளைக்கு நீங்க செத்தாலும் அதே கதிதான்.”

“அரே, மொதல்ல நீங்கதானே? மூத்தவங்க.”

“நான் ஒங்கள எடுக்குறேன். நீங்க என்னய எடுங்க. பழகுவோம்.”

“கேமராவ நம்பலாம். உங்கள எப்படி நம்புறது?”

“நான் மட்டும் ஒங்கள நம்பியா கூப்புடுறேன்?”

இந்த உறுதிமொழியின் பேரில் இருவரும் படம் பிடிக்கக் கற்கத் தொடங்கினார்கள்.

நல்ல வெளிச்சத்தில்தான் நல்ல படம் வரும் என்று முதல் நாள் உச்சி வெயிலில் மின்னி பே கடற்கரைக்குப் போனார்கள். நெற்றி பளபளத்தது, மூக்கு பளபளத்தது, கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புக் குழி விழுந்தது. கண்ணையாவின் படத்தை வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தபோது சுவரில் இருந்த பல்லி கழன்று விழுந்தது. ருக்கு சாட்சி. அது பிழைக்கவில்லை.

அதன் பிறகுதான் செல்போனில் பாடம் பார்த்தார்கள். சென்னையில் எவனோ ஒருவன் தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, “நண்பர்களே, முகம் தெளிவா இருக்கணும், பின்னணி மங்கலா இருக்கணும், எஃப் நம்பரைக் குறைங்க, கண்ணுல ஃபோகஸ் வைங்க” என்றான். விஜயராஜ் குறைத்தார், வைத்தார், அழுத்தினார். தூரத்தில் போன ஃபெர்ரி, கம்பி கம்பியாக, டெக்கில் நின்றவன் சட்டைப் பொத்தான் வரைக்கும் துல்லியமாக விழுந்தது. முன்னால் கஞ்சியில் விழுந்த அப்பளம் மாதிரி ஏதோ ஒன்று கலங்கித் தெரிந்தது. அது கண்ணையா.

“கப்பலப் பாத்தா ஒங்க வெரலுக்கு வெறி புடிச்சுருமா, சம்பந்தி? நான் செத்தா அந்த ஃபெர்ரிக்கா மாலை போடுவாங்க?”

“கப்பலு அசையாம இருந்துச்சு. நீங்கதான் ஆடினீங்க.”

கண்ணையாவின் கோளாறு வேறு. எண்ணிப் பழகியவருக்கு எதையும் விட மனசு வராது. அவர் எடுத்த படத்தில் விஜயராஜ் இருந்தார், அவர் செருப்பு இருந்தது, பெஞ்சு இருந்தது, தென்னை மரம் குலையோடு இருந்தது, ஒரு மாடும் இருந்தது. முகம் கடுகளவு.

“இதுல நான் எங்க இருக்கேன்?” என்றார் விஜயராஜ்.

“மாட்டுக்கு வலது பக்கம்.”

அடுத்த பாடத்தில் தொப்பிக்காரன் சொன்னான்: “நண்பர்களே, வெளியில முகத்த எடுக்குறதுக்கு அருமையான நேரம் சாயங்காலம் ஆறு மணி. அப்ப ஒரு பொன் வெளிச்சம் வரும் பாருங்க!” அது ஜனவரி மாசம். கிழக்கே தள்ளிக் கிடக்கிற தீவில் ஐந்தே காலுக்கெல்லாம் சூரியன் கடையைக் கட்டிவிடும். ஒருவர் பிறந்ததே இங்கே, மற்றவர் தலை நரைத்தது இங்கே, இருவருக்கும் தெரியாததில்லை. இருந்தாலும் சென்னைக்காரன் செல்போனில் சொன்ன பிறகு சொந்தக் கண்ணுக்கு என்ன மரியாதை? ஆறு மணிக்குக் கும்மிருட்டில், முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு, பொன் வெளிச்சத்துக்காகக் காத்து நின்றார்கள். கொஞ்ச நேரத்தில், மாற்ற மறந்துபோன பழைய மஞ்சள் தெருவிளக்கு ஒன்று விட்டு விட்டு எரிந்தது.

“ஆ கயா! வந்துருச்சு!” என்று கத்தினார் விஜயராஜ்.

அவசரத்தில் கேமராவின் ஃப்ளாஷும் சேர்ந்து வெடித்தது. எதிரே நார்த் பே கலங்கரை விளக்கம் ஒரு முறை கூடுதலாகச் சிமிட்டியதாகக் கண்ணையா இன்றைக்கும் சத்தியம் செய்வார். படத்தில் விழுந்தது கண்ணையாவின் பல் செட் மட்டும்தான்.

வீட்டுக்கு வந்ததும் ருக்கு விஷயத்தைக் கேட்டாள். “சூரியன் எப்பவோ போயிருச்சு. நீங்க ரெண்டு பேரும் மெயின்லேண்டு வெயிலு கப்பல்ல வருமுன்னு நின்னீங்களா?” என்றாள். சம்பந்திக்குக் காப்பி கொடுக்கும்போதும் சிரிப்பை அடக்கவில்லை.

நாலரை மணிக்குப் போகத் தொடங்கினார்கள். வெளிச்சம் சரியாயிற்று. இப்போது முகம்தான் சரியில்லை. ‘எதிரில் இருப்பவரைப் பேச்சுக் கொடுத்து இயல்பாக்குங்கள்’ என்றது பாடம். கண்ணையா தொண்டையைச் செருமிக்கொண்டு, “சம்பந்தி, சௌக்கியமா?” என்றார். தினமும் பார்க்கிற ஆள் திடீரென்று சௌக்கியம் விசாரித்ததில் விஜயராஜ் பயந்துபோய், இரண்டு கையையும் தொடையோடு ஒட்டி, அடையாள அட்டைக்கு நிற்கிற மாதிரி விறைத்தார். முறை மாறியதும் கண்ணையாவும் அப்படியே விறைத்தார். ஒரு மாசம் இப்படியே போயிற்று. கேமராவில் சேர்ந்தவை எல்லாம் சாட்சிக் கூண்டில் ஏற்றப்பட்ட இரண்டு கிழவர்கள்.

ஒரு சாயங்காலம் விஜயராஜ் கடலோரச் சுவரில் உட்கார்ந்திருந்தார். கண்ணையா லென்ஸைத் திருகிக்கொண்டிருந்தார். கீழே ஒரு மீன் படகு கரைக்கு வந்தது. அதில் இருந்தவன் கயிற்றைக் கல்லில் சுற்றினான், நழுவவிட்டான், மறுபடி தப்பாகவே சுற்றினான். விஜயராஜ் கேமராவை மறந்தார். முகவாய் மெல்ல நிமிர்ந்தது. ஒரு புருவம் ஏறியது. பொய்ச் சாட்சி சொல்கிறவனை நீதிபதி பார்க்கிற மாதிரி, மனித குலத்தையே தள்ளுபடி செய்கிற ஒரு பார்வை. சாய்ந்த வெயில் ஒரு கன்னத்தில் விழுந்து சுருக்கம் ஒவ்வொன்றையும் செதுக்கி எடுத்தது. கண்ணையாவின் விரல் தானாக அழுத்தியது.

திரையைப் பார்த்தார். அடிவயிறு எரிந்தது. ஃபெர்ரி ஓட்டின பயல் மகாராஜா மாதிரி இருந்தான்.

“வந்துச்சா?”

“இல்ல. ஆடிருச்சு.”

“காட்டுங்க.”

“பேட்டரி போயிருச்சு, சம்பந்தி.”

பேட்டரி போன கேமராவின் திரை கண்ணையாவின் சட்டைமேல் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. விஜயராஜ் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். முகத்தைக் கிட்டத்தில் கொண்டுபோய் ஒரு தரம், தள்ளி நின்று ஒரு தரம் பார்த்தார். அந்த ரசனையே கண்ணையாவைச் சீண்டியது.

“பாத்துக்குங்க. நான் எடுத்தது. நீங்களும் ஒரு மாசமா அமுக்குறீங்க, என் மூஞ்சி ஒண்ணாச்சும் மூஞ்சியா வந்துருக்கா?”

“ஏன் வரல? வந்துச்சே!” விஜயராஜுக்கு ரோஷம் பொத்துக்கொண்டது. “போன வாரம், ஆட்டோக்காரன் தப்பான ரோட்டுல கொண்டாந்து விட்டான்னு நீங்க அவன மேலயும் கீழயும் பாத்தீங்கள்ல, அப்ப எடுத்தேன். ஏக்தம் ஃபர்ஸ்ட் கிளாஸ்! கண்ணுல ஃபோகஸ், பின்னாடி எல்லாம் மங்கல். கலெக்டர் மாதிரி இருந்தீங்க.”

“எங்க அது?”

“டெலீட் பண்ணிட்டேன்.”

“எதுக்கு?”

“பாக்க சகிக்கல. உங்களுக்கு எதுக்கு இவ்ளோ நல்ல மூஞ்சி?”

கல்யாணம் பேசிய நாளிலிருந்து கட்டிக் காத்த ‘ங்க’ அந்த இடத்திலேயே கடலில் விழுந்தது.

“யோவ்! மனுசனாய்யா நீ? என் சாவு மூஞ்சிய அழிச்சுட்டு இங்க வந்து சொகமா உக்காந்திருக்க?” கண்ணையாவின் கட்டைவிரல் குப்பைத்தொட்டி போட்ட பொத்தானுக்குப் போனது. “இந்தா, ஒன்னோடதும் போகட்டும்!”

“அழி. தம் இருந்தா அழி.” விஜயராஜும் ‘ங்க’வைத் தேடவில்லை. ஆனால் அவர் கண் திரையை விட்டு நகரவில்லை.

கட்டைவிரல் பொத்தான்மேல் நின்றது. கண்ணையா இன்னொரு முறை படத்தைப் பார்த்தார். முகம் சம்பந்தியுடையது, அதில் மாற்றுக் கருத்தில்லை, அருவருப்பாகத்தான் இருந்தது. ஆனால் படம்? செருப்பு இல்லை, மாடு இல்லை. வேண்டியது மட்டும் இருந்தது. அடுத்தவன் அனுப்பிய மூட்டையை எண்ணியே காலம் தள்ளிய மனுசன் தானாக உண்டாக்கிய முதல் சரக்கு இது. இதை அழித்தால் நஷ்டம் யாருக்கு? அதுவுமில்லாமல், அல்பத்தனத்தில் இவனோடு சரிக்குச் சரியாகக் கீழே போய் உட்காருவதா?

“அழிக்க மாட்டேன். ஒன்னய மாதிரி அல்பம் இல்ல நான். ஆனா ஃபிளெக்ஸுல ‘படம் எடுத்தவர் கண்ணையா’ன்னு போடணும்.”

“எவ்ளோ பெருசா?”

“ஒம்பேர விடப் பெருசா.”

“அரே வா! செத்தது நான், பேரு உனக்கா?”

பேரம் நடந்தது. படகுக்காரன் கயிற்றை அப்படியே விட்டுவிட்டு மேலே பார்த்தான். கடைசியில் இரண்டு பேருக்கும் ஒரே அளவு எழுத்து என்று முடிந்தது. விஜயராஜ் கேமராவை வெடுக்கென்று வாங்கினார்.

“நில்லு அங்க. வெளிச்சம் போறதுக்குள்ள உன்னயும் முடிச்சிடுறேன்.”

கண்ணையா நின்றார். உடனே விறைத்தார். கை தொடையில் ஒட்டியது. சாட்சிக் கூண்டு தயார். விஜயராஜ் கேமராவுக்குப் பின்னால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சம் யோசித்தார்.

“உன் ஃபிளெக்ஸுக்கு என்ன எழுதுறதுன்னு முடிவு பண்ணிட்டேன். சொல்லவா?”

“என்னது?”

“‘பழகுவதற்கு இனியவர்.’”

கண்ணையாவின் மூக்கு லேசாகச் சுளித்தது.

“‘அனைவரையும் நேசித்த அன்புள்ளம்.’”

முகவாய் ஏறியது. கண்கள் பாதி இறங்கின. ஊர், உறவு, துக்கம் கேட்கிறவர்கள், வாசகம் எழுதுகிறவர்கள், இத்தனை பேரையும் ஒரே பார்வையில் எடை போட்டு, குறைகிறது என்று திருப்பி அனுப்பிய முகம். கேமரா மூன்று தரம் சொடுக்கியது.

விஜயராஜ் திரையைப் பார்த்தார். அவர் கட்டைவிரலும் பழக்கதோஷத்தில் ஓரமாக நகர்ந்தது. பெருமூச்சு விட்டு, கேமராவை நீட்டினார்.

கண்ணையா வாங்கிப் பார்த்தார். இந்த முகத்துக்கு முன்னால் எவனும் தலையைச் சாய்த்து நிற்க மாட்டான். நின்றால், தான் வாழ்க்கையில் செய்த கோணல் எல்லாம் அவனுக்கு ஞாபகம் வரும். மாலையை வைத்துவிட்டு, கும்பிடாமல்கூடப் போய்விடுவான்.

“வரட்டும்,” என்றார். “ஹேடோ மொத்தமும் வரட்டும், சம்பந்தி. ஒருத்தன் விடாம வந்து நிக்கட்டும்.”

“அதுக்கு மொதல்ல நீங்க சாகணும், சம்பந்தி.”

“அதுக்கென்ன அவசரம்?” என்ற கண்ணையா, படத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கிப் பார்த்தார்.