பயணத்தின் நோக்கம்

"செப்டம்பர் வரைக்கும் செல்லும்னு இதுலயே போட்டிருக்கே, தெரியலையா?" என்று கேட்டாள் தொரிந்தா. பாஸ்போர்ட்டை ஒட்டவைப்பதுபோலக் கண்ணாடித் தடுப்பில் அழுத்திப் பிடித்திருந்தாள்.

விகோ துறைமுக நகரின் காவல் நிலையத்தில், பாஸ்போர்ட் கவுண்டருக்குள் இருந்த பெண்ணுக்குத் தொரிந்தாவுக்கு மகளாகும் வயதுதான் இருக்கும். அன்று காலையிலிருந்தே எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லிக் குரல் தேய்ந்திருந்தது. "செல்லும்மா. ஐரோப்பாவுக்குள்ள எங்க வேணா போங்க. நீங்க சொல்ற நமீபியாவுக்கு ஆறு மாசமாவது மிச்சம் இருக்கணும். புதுசுதான் எடுக்கணும். முன்பதிவு பண்ணிட்டு வாங்க."

"முன்பதிவு எப்பக் கெடைக்கும்?"

"மூணு வாரம் ஆகும்."

தம்பி அமான்சியோ நமீபியாவின் வால்விஸ் விரிகுடாத் துறைமுகத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் கிடந்தான். வலையை இழுத்துக்கொண்டிருக்கும்போதே கப்பல் தட்டில் சாய்ந்துவிட்டானாம். பக்கவாதம். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. அவனைக் கரையில் இறக்கிவிட்டுக் கப்பல் மறுபடியும் மீனைத் தேடிப் போய்விட்டது. பெண்டாட்டி பிள்ளை என்று யாரும் இல்லாதவன். கப்பல் கம்பெனிக்காரன் தொலைபேசியில் பேசியபோது தொரிந்தா அக்கரையில் காங்காஸ் மீன் ஆலையில் மத்தி மீனுக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். கையைக் கழுவிவிட்டு, வீட்டிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு அப்படியே படகேறி இக்கரைக்கு வந்தவள். விரல்களில் மீன்வாடை இன்னும் போகவில்லை.

"சரி, நான் இங்கயே உக்காந்திருக்கேன்" என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தாள். மதியம் தாண்டியும் எழவில்லை. கணவன் எலாதியோ பக்கத்தில் உட்கார்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருந்தான். உணவு இடைவேளைக்கு வெளியே வந்த அதிகாரி, வெறும் வயிற்றோடு முறைத்துக்கொண்டிருந்த அந்த அம்மாளிடம் வந்து விசாரித்தார். கப்பல் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அந்த ஊரில் கடலுக்கு ஆள் கொடுக்காத வீடு கிடையாது. சாயங்காலம் எந்திரத்திலிருந்து வந்த சூடு ஆறாமல் புதுப் பாஸ்போர்ட் கைக்கு வந்தது. அதிலிருந்த படத்தில் யாரையோ அடிக்கப் போகிறவள்போல இருந்தாள்.

அதோடு முடிந்ததென்று நினைத்தாள். எலாதியோ தொண்டையைக் கனைத்தான். "தொரிந்தா, இதுக்கு விசாவும் வேணும் போலருக்கு."

"எதுக்கு? அமான்சியோவோட வேலைசெஞ்சவங்க வீட்லேருந்தெல்லாம் பாஸ்போர்ட்டை மட்டும் காட்டிட்டுப் போயிட்டு வந்தாங்களே?"

"அது அப்போ. இப்ப மாத்திட்டாங்களாம். அவங்க இங்க வர்றதுக்கு நாம விசா கேக்கறோம்ல, அதான் அவங்களும் நம்மள்ட்ட கேக்கறாங்க."

"நானா கேட்டேன்? நான் யார்கிட்ட என்ன கேட்டேன்?"

போய் இறங்கியும் வாங்கிக்கொள்ளலாம் என்றார் பயண முகவர். அதை நம்பி விமானம் ஏறாதே என்றான் மைத்துனன். தூதரகத்துக்குத் தொலைபேசி போட்டால் பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் சமையலறை மேசையில் கணினியை வைத்துக்கொண்டு விசா விண்ணப்பத்தை நிரப்ப இருவரும் உட்கார்ந்தார்கள். படம் பெரிதாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பியது. சிறிதாக்கினால் தெளிவில்லை என்றது. காதுகள் தெரியவில்லை என்றது. முடியை ஒதுக்கிக் குளிர்பெட்டியின் வெள்ளைக் கதவுக்கு முன்னால் நின்று இன்னொரு படம் எடுத்தாள். எல்லாம் முடிந்து பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் வந்து நின்றது. சுற்றுலா, வணிகம், உறவினரைப் பார்த்தல் என்று இருந்தது. உறவினர் என்று தொட்டால், அந்த நாட்டில் குடியிருக்கும் உறவினரின் அழைப்புக் கடிதம் எங்கே என்று கேட்டது.

"குடியிருக்கலையே! விழுந்து கெடக்கான்!" என்று கணினியைப் பார்த்துக் கத்தினாள்.

"சுற்றுலான்னு போட்டுத் தொலை" என்றான் எலாதியோ. "யானை பாக்கப் போறேன்னு சொல்லு."

"யானையாய்யா பாக்கப் போறேன்? என் தம்பியை விட்டுட்டு யானையா?" அவள் அழ ஆரம்பித்தாள். எலாதியோ அவள் கைக்கு எட்டாதபடி கணினியைத் தன் பக்கம் இழுத்து, யானை என்றே போட்டுவிட்டான்.

விசா வந்தது. பக்கத்து நாட்டுப் போர்த்தோவிலிருந்து விமானம் ஏறுவதாக ஏற்பாடு. காரில் எல்லையைத் தாண்டியதே தெரியவில்லை. மறித்து ஒரு வார்த்தை கேட்க ஆள் இல்லை. விமான நிலையத்தில் பெட்டியைத் தராசில் ஏற்றிய பிறகு கவுண்டரில் இருந்த பையன் கேட்டான்: "மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட சான்று?" மஞ்சள் காய்ச்சல் இருக்கிற லுவாண்டாவில் ஒரு ராத்திரி தங்கிப் போகிற வழி அது. அந்த வழியாக வருகிறவர்கள் ஊசி போட்டிருக்க வேண்டுமாம்.

"இப்பவே போட்டுக்கறேன். எங்க போடணும்?"

"இன்னிக்குப் போட்டா பத்து நாள் கழிச்சுத்தான் செல்லும்மா."

பெட்டி தராசிலிருந்து இறங்கியது. பின்னால் நின்றவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு முன்னே போனார்கள். வேறு வழி ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க எலாதியோ ஓடினான். தொரிந்தா பெட்டியின் மேலேயே உட்கார்ந்தாள். அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. தினமும் அந்த வேளைக்கு ஆஸ்பத்திரி நர்ஸ் என்தபேவா தன் போனில் கூப்பிட்டு அமான்சியோவின் காதில் வைப்பாள்.

"ஏறி...ட்டியாக்கா?" வார்த்தைகள் நனைந்த துணிபோல வந்தன.

"இல்லடா. ஊசி வேணுமாம். நாளைக்கு வேற வழியா வந்துருவேன். நிச்சயமா நாளைக்கு."

அவன் சொன்னான், "நானும்... அம்மாவுக்கு... அப்படித்தான்க்கா சொன்னேன்."

அம்மா இறந்து நான்கு வருடம் ஆகிறது. பிரேதத்தை வைத்துக்கொண்டு இவனுக்காகக் காத்திருந்தார்கள். கப்பலிலிருந்து ஒரு துறைமுகத்தில் இறங்கியவனை அனுமதிச் சீட்டு இல்லை என்று அங்கேயே உட்காரவைத்திருந்தார்கள். நாளைக்கு, நாளைக்கு என்றே சொல்லிக்கொண்டிருந்தான். வந்து சேர்ந்தபோது கல்லறைப் பூக்கள் வாடியிருந்தன. காகிதமாம் காகிதம், மனசு இருந்தால் வந்திருக்க மாட்டானா என்று தொரிந்தா ஆலை முழுக்கச் சொன்னாள். அவன் காதுபடவும் சொன்னாள். அவன் அடுத்த கப்பலுக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு கிறிஸ்துமஸுக்கு மட்டும் பேசிக்கொள்வார்கள்.

அவன் குத்திக்காட்டத்தான் சொன்னானா, இல்லை ஆறுதலாகச் சொன்னானா என்று அந்தக் குழறலில் தெரியவில்லை. "அமான்சியோ" என்றாள். "சாப்டியாடா?" என்று கேட்டாள்.

"கஞ்சி" என்றான் அவன் வெறுப்போடு. அந்த வெறுப்பு மட்டும் பழைய அமான்சியோவுடையது.

பிராங்க்பர்ட் வழியாக இடம் கிடைத்தது. நமீபியாவின் வின்ட்ஹூக்கில் இறங்கியதும் குடியேற்ற அதிகாரி விசாவைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். என்னவோ கேட்டார். இங்கிலீஷ். அவளுக்குப் புரிந்தது ஒரே ஒரு வார்த்தைதான், சுற்றுலா. தலையாட்டு என்று எலாதியோ ஆயிரம் தடவை சொல்லி அனுப்பியிருந்தான். அவளுக்குத் தலை ஆடவில்லை. வலது கையைத் தொளதொளவென்று தொங்கவிட்டு, வாயை ஒரு பக்கம் கோணி, "தம்பி" என்றாள் தன் மொழியில். அதிகாரி அந்தத் தொங்கும் கையைப் பார்த்தார். பிறகு முத்திரையைக் குத்திப் பாஸ்போர்ட்டை நீட்டினார்.

வால்விஸ் விரிகுடாவில் பேருந்தைவிட்டு இறங்கியபோது மூடுபனி போட்டிருந்தது. மீன் ஆலைகளின் வாடை முகத்தில் அடித்தது. காங்காஸிலேயே இறங்கிவிட்டோமோ என்று ஒரு கணம் தோன்றியது. ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி கையை நீட்டினான். இங்கேயுமா! பல்லைக் கடித்துக்கொண்டு பாஸ்போர்ட்டைக் கொடுத்தாள். அவன் நோயாளிகளின் பெயர்ப் பலகையில் விரலை வைத்துத் தேடினான். பசோஸ் சொத்தெலோ, பசோஸ் சொத்தெலோ என்று பலகையிலும் பாஸ்போர்ட்டிலும் இருந்த குடும்பப் பெயர்களை ஒப்பிட்டு வாய்விட்டுப் படித்தான். சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தான்.

அமான்சியோ கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். பாதி ஆளாகியிருந்தான். அக்கா வருகிறாள் என்று வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். இடது கையால் தானே பொத்தான் போட்டிருக்க வேண்டும். ஒன்று மாற்றி ஒன்றில் போட்டதில் சட்டை ஒரு பக்கம் தொங்கியது. அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். தொரிந்தா அவன் முன்னால் மண்டியிட்டு எல்லாப் பொத்தான்களையும் கழற்றினாள். கீழேயிருந்து ஒவ்வொன்றாகத் திரும்பப் போட ஆரம்பித்தாள். பாதி ஏறும்போது அவன் இடது கை வந்து அவள் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டது. ஒற்றைக் கையால் பொத்தான் போடுவது கஷ்டமாக இருந்தது. ஆனாலும் அவள் அந்தக் கையை விலக்கவில்லை.